கவலைப்படுறதிலயும் பெயிலாகாதை ராசா

கவலைப்படு ராசா. நல்லாக் கவலைப்படு. கவலைப்படாதை எண்டு சொல்ல இந்தச் சாம்பல்தீவில இனி ஆள் மிச்சமில்லை. கொம்மா தொடக்கம் முடக்குக் கடைக்காரர் வரைக்கும் எல்லாரும் சொல்லிப் பாத்திட்டினம். ஒருத்தற்ற சொல்லும் உனக்கு ஏறேல்லை. அதால நான் வேற வழியில வாறன். எடுத்த வேலையைத் திருத்தமாச் செய்யவேணும் எண்டது நான் துறைமுகத்தில டலி கிளாக்கா இருந்து பழகின பழக்கம். உன்ர கவலையில அந்தத் திருத்தம் காணாது. பத்து மணிக்கு எழும்புறாய், கதவைச் சாத்துறாய், கூடப் படிச்சவங்களின்ர கம்பஸ் படங்களைப் ஃபோனில பாக்கிறாய், பெருமூச்சு விடுறாய், பின்னேரம் நித்திரை கொள்ளுறாய். இதென்ன கவலை? ஒரு ஒழுங்கு வேண்டாமே? மூண்டு தரம் ஏ.எல் எழுதி முடிச்ச பிறகு கவலைப்படுறதிலயும் பெயிலாகிப் போனாயெண்டால் நான் எப்பிடிக் கோயிலடிப் பக்கம் போறது?

அந்த இசட் புள்ளியை ஒருக்கால் எடு பாப்பம். நாலு தசம தானம் வரைக்கும் போட்டிருக்கிறாங்கள், தங்கம் நிறுக்கிறவன் கூட அவ்வளவு பாக்கமாட்டான். உன்னோட அதே பாடம் எழுதின பிள்ளையளின்ர சராசரிக்கு நீ எவ்வளவு மேல, எவ்வளவு கீழ எண்டதுதான் அதில இருக்கு. நீ ஆர் எண்டது அதில இல்லை. பிறகு கம்பஸ் இடங்களைப் பங்கு பிரிக்கிற விதத்தைப் பார். விஞ்ஞானப் பக்கத்தில 100 இடமெண்டால் 40 முழு இலங்கைக்கும் திறமைப்படி, 55 மாவட்டத்துக்கு மாவட்டம், மிச்சம் 5 பின்தங்கின மாவட்டங்களுக்கு. எங்கட திருகோணமலையும் அந்தப் பின்தங்கின பட்டியலிலதான். அப்ப உன்னோட சேர்ந்து உன்ர விலாசமும் சோதினை எழுதியிருக்கு. இதே புள்ளியை எடுத்துக்கொண்டு கொழும்பில பிறந்திருந்தாயெண்டால் நீ இன்னும் பெரிய பெயில். சந்தோசப்படு.

வருசா வருசம் 150,000க்கு மேல பெடி பெட்டையள் கம்பசுக்குத் தகுதி எண்டு வெளியில வருகினம். அரசாங்கக் கம்பசுகளில இடம் 40,000 சொச்சம். மிச்சம் லட்சம் பேரும் மக்குகள் எண்டால், இந்த நாட்டில பஸ் ஓட்டுறது ஆர், வலை இழுக்கிறது ஆர், பாங்கில காசு எண்ணுறது ஆர்?

கொம்மாவில குறையில்லை. நீ பிறந்த அண்டைக்கே அவ உன்னை டொக்டராக்கிப் போட்டா. இப்ப நீ ஏசியும் ஐஸ்பெட்டியும் திருத்தப் படிக்கிறாய். மகன் என்ன படிக்கிறான் எண்டு ஆரும் கேட்டால் "அவன் எஞ்சினியரிங் பக்கம்" எண்டு சொல்லிச் சமாளிக்கிறா. கோணேசருக்கு நேர்த்தியும் வச்சிருக்கிறா. அவர் என்ன அவசரப்படுற ஆளே? 1620களில போர்த்துக்கீசன் கோயிலை இடிச்சுத் தள்ளினான். 1950இல கிணறு வெட்டேக்கதான் விக்கிரகங்கள் மண்ணுக்குள்ளால எழும்பினது. முன்னூறு வருசம் கிடந்தவரிட்டை ஆறு மாசத்தில றிசல்ட் கேக்கிறா உன்ர தாய்.

ஐஸ்பெட்டிப் படிப்பில என்ன குறைச்சல்? என்.வி.கியூ நாலாம் மட்டம் முடிச்சால் சேர்டிபிக்கேட், அஞ்சும் ஆறும் டிப்ளோமா, ஏழெண்டால் பட்டம். தொழில் படிக்கிறவைக்கெண்டே ரத்மலானையில ஒரு பல்கலைக்கழகம் கிடக்கு. இந்த வெக்கை ஊரில உனக்கு வேலை இல்லாமல் போகுமே? உப்புவெளி, நிலாவெளி ஹொட்டலில வெள்ளைக்காரன் வேர்க்காமல் படுக்கிறது உன்ர கையில. மனுசன்ர இதயம் நிண்டால் டொக்டர் ஓடுவார். கொட்பேயில ஐஸ் அறைக் கொம்பிறசர் நிண்டால் சம்மாட்டியின்ர இதயம் நிக்கும். அப்ப ஓடுறவன் நீ.

சரி, ஒரு துறைமுகக் கிளாக்கின்ர கதை சொல்லுறன். என்ர கதையில்லை, பயப்பிடாதை. ஈரோட்டில பிறந்து கும்பகோணத்தில வளந்த இராமானுஜன். நீ யூடியூப்பில பாத்திருப்பாய்: ஏழைப் பெடியன், கணக்குப் புலி, கேம்பிரிஜ், கைதட்டல். அப்பிடிச் சொல்லுறவை நடுவில ஒரு துண்டை வெட்டிப்போட்டுத்தான் சொல்லுறவை. எனக்கு அந்த வெட்டின துண்டுதான் விருப்பம்.

1904இல உதவிப்பணத்தோட கும்பகோணம் அரசினர் கல்லூரிக்குப் போனவர். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களை எட்டியும் பாக்கேல்லை, உதவிப்பணம் போச்சு. அடுத்த வருசம் வீட்டுக்குச் சொல்லாமல் விசாகபட்டினத்துக்கு ஓடிட்டார். பெடியனைக் காணேல்லை எண்டு வீட்டுக்காரர் பேப்பரில போடவேண்டி வந்தது. நீ அறைக்குள்ளதான் ஒளிச்சிருக்கிறாய், அந்த வகையில உன்ர தாய்க்கு றெயில் காசு மிச்சம். பிறகு சென்னையில பச்சையப்பன் கல்லூரி, பட்டப்படிப்புக்குப் போக எழுதுற எஃப்.ஏ சோதினை. 1906இல பெயில். 1907இல திரும்பவும் பெயில். காலை வாரினது உடற்றொழிலியல். உனக்கும் அந்தப் பக்கத்திலதானே வழுக்கினது?

அதிலயிருந்து 1912 வரைக்கும்தான் அந்த வெட்டின துண்டு. பட்டமில்லை, வேலையில்லை, உடம்பும் சுகமில்லை, போதாக்குறைக்குக் கலியாணமும் கட்டி வச்சிட்டினம். மனுசன் நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு படி படியா ஏறினார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கின ராமசாமி ஐயரிட்டைப் போனார், எழுத்தர் வேலை கேட்டு. அங்கயிருந்து இன்னொருத்தர், அவரிட்டையிருந்து வேறொருத்தர். நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாசம் 25 ரூபா குடுத்துக் கொஞ்சக்காலம் தாங்கினார். அதோட இருந்திருக்கலாம். இருக்கேல்லை. 1912 மார்ச் 1ஆம் திகதி சென்னைத் துறைமுகத்தில கணக்குப் பகுதிக் கிளாக்காச் சேர்ந்தார், மாசம் 30 ரூபாவுக்கு. கணக்கு மேதை கப்பல் கணக்கு எழுதினார், ராசா! ஒருத்தரும் செத்துப் போகேல்லை. அந்தக் கந்தோரிலதான் நாராயண ஐயர் எண்டு கணக்குத் தெரிஞ்ச மேலாள் வாய்ச்சார். பிரான்சிஸ் ஸ்பிரிங் எண்ட துரையும் கைகுடுத்தார். 1913 சனவரியில கேம்பிரிஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதேக்க, வருசம் 20 பவுண் சம்பளத்துத் துறைமுகக் கிளாக் எண்டுதான் தன்னைச் சொல்லித் தொடங்கினவர். எஃப்.ஏ தாண்டாத அந்த ஆளுக்கு 1916இல கேம்பிரிஜ் பட்டம் குடுத்தது.

நீ இராமானுஜன் இல்லை. அதில சந்தேகமிருந்தால் உன்ர றிசல்ட்டைப் பார். அவற்ற மூளை உனக்குக் கிடைக்காது, ஆனால் கால் கிடைக்கும். படி ஏறின கால். நான் கேக்கிறது அவ்வளவுதான்.

கொம்மாவுக்கு இதையும் சொல்லு: 1918இல ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கினது. அந்தக் காலத்திலதான் மனுசன் இங்கிலாந்தில சனற்றோரியம் சனற்றோரியமா, நோயோடயும் மனச்சோர்வோடயும் கிடந்தவர். பட்டம் வந்தால் மனம் தானாச் சுகப்படும் எண்டது அவவின்ர கணக்கு. இராமானுஜனுக்கே அந்தக் கணக்குச் சரிவரேல்லை.

ஏனெண்டால் மனச்சோர்வு எண்டது ஒரு வருத்தம். ரெண்டு கிழமைக்கு மேல நித்திரை குழம்பி, சோறு ருசிக்காமல், மட்ச் பாக்கவும் மனமில்லாமல் ஒருத்தன் கிடந்தால் அவனைச் சோம்பேறி எண்டு திட்டுறது, காய்ச்சல்காரனைச் சூடாயிருக்கிறாய் எண்டு திட்டுற மாதிரி. பெரியாசுபத்திரியில மனநலப் பிரிவு இருக்கு. சீனி வருத்தத்துக்கு நான் துண்டு எடுக்கிற வரிசைக்குப் பக்கத்து வரிசைதான் உனக்கு, கதைச்சுக்கொண்டு நிக்கலாம். குளிசை தந்தால் அண்டைக்கே பலன் பாக்காதை, கிழமைக் கணக்கில பிடிக்கும். சுகம் வந்திட்டுது எண்டு உன்ர பாட்டில நிப்பாட்டவும் கூடாது. இனி ஒரு நிமிசம் நையாண்டி இல்லை. இருந்தென்ன எண்ட நினைப்பு எப்பவாவது வந்தால், நடுச்சாமமெண்டாலும் என்ர கதவைத் தட்டு. எனக்குக் காது மந்தம், உடைச்சாலும் பறுவாயில்லை. வெக்கமாயிருந்தால் 1926க்கு எடு, அது தேசிய மனநல நிறுவகத்தின்ர இலக்கம்.

கிழடுகளிட்டைக் கதைச்சு என்ன வரும் எண்டு நினைக்கிறாய், முகத்தில தெரியுது. ஆபிரிக்காவில ஜிம்பாப்வே எண்டொரு நாடு. ஒண்டரைக் கோடிச் சனத்துக்கு மனநல வைத்தியர் சரியான குறைவு. அங்க டிக்சன் சிபாண்டா எண்ட டொக்டர் 2006இல ஒரு வேலை செய்தார்: 14 ஆச்சிமாரைப் பிடிச்சுப் பயிற்சி குடுத்து, கிளினிக் முத்தத்து வாங்கில இருத்தினார். மனம் நொந்து வாறவையை ஆச்சி கதைக்க விடுவா, இடையில புகுந்து கெடுக்கமாட்டா. பிறகு கிடக்கிற பிரச்சினையளில ஒண்டை மட்டும் எடுக்கச் சொல்லி, அதுக்கு அடுத்த கிழமைக்குள்ள செய்யக்கூடிய ஒரு சின்ன வேலையைச் சேர்ந்து பாப்பா. 2016இல ஆராய்ச்சி செய்து பாத்தால், வழமையான கவனிப்புக் கிடைச்சவையை விட வாங்கில இருந்தவைக்கு நல்ல சுகம். எனக்கு ஒருத்தரும் பயிற்சி தரேல்லை, இடையில புகுந்து கதைக்கிற வியாதியும் இருக்கு. எண்டாலும் முத்தத்தில வாங்கு கிடக்கு.

இனி உன்ர கவலைக்கு நான் போட்ட நேரசூசி. பின்னேரம் அஞ்சிலிருந்து அஞ்சரை வரைக்கும் கவலை. முழு மனதோட, கடலைக் கொட்டை வேணுமெண்டால் சாப்பிட்டுக்கொண்டு. வேற நேரத்தில வந்தால், "அஞ்சு மணிக்கு வா" எண்டு திருப்பி அனுப்பு. அதுக்கு முன்னம் காலம்பிற முகம் கழுவவேணும், ஒரு மனுசரோட ஒரு சொல்லெண்டாலும் கதைக்கவேணும், ஒரு சாமானெண்டாலும் கழட்டிப் பூட்டவேணும். மனம் வந்த பிறகு செய்யிறன் எண்டு காத்திருக்காதை. கை முதல் போகட்டும், மனம் சோம்பேறி, அது பின்னால வரும்.

இண்டைக்கான சாமானையும் நானே சொல்லுறன். எங்கட ஃபிரிட்ஜ் இரைச்சல் மட்டும் போடுது, குளிரைக் காணேல்லை. கதவு றப்பரோ, காஸோ, கொம்பிறசரோ, நீதான் சொல்லவேணும். பிழைச்சால் பிழைக்கட்டும், ஏற்கெனவே பழுதானதை நீ இனி என்னெண்டு பழுதாக்கிறது? காசு தரமாட்டன். பாரைமீன் குழம்பு இருக்கு. நேற்றுத் தொடக்கம் அது வெளியிலதான் இருக்கு, கெதியா வா.