ஒரு ஜேர்மன் தாத்தாவுக்கான விண்ணப்பம்

பெறுநர்: ஜேர்மன் காப்புறுதித் துறைக் கூட்டமைப்பு, வில்ஹெல்ம்ஸ்ட்ராஸ, பெர்லின்
பொருள்: தாத்தா ஒருவரை ஒதுக்கித் தருமாறு கோருதல்

பெருமதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

காப்புறுதியை மாற்றுவதற்கான நவம்பர் 30 நெருங்க நெருங்க, எங்கள் பிள்ளைகள் தங்கள் அங்கத்துவ நிறுவனங்களின் கட்டணக் கணிப்பான் முன்னால் தவம் கிடக்கிறார்கள். வயது பதினெட்டு, புது லைசென்ஸ், இரண்டு கை மாறிய ஒரு கோர்சா அல்லது போலோ. பிறந்த திகதி, தபால் இலக்கம், ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர், கார் இரவில் எங்கே நிற்கும் என்று எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லிவிட்டுக் கடைசிப் பொத்தானை அழுத்தினால், காரின் விலையை எட்டிப் பிடிக்கிற ஒரு தொகை வந்து நிற்கிறது. லைசென்ஸ் எடுக்கவே 3000 யூரோவைக் கொட்டிய பிள்ளைக்கு அதுகூடப் பெரிதல்ல. அதற்குக் கீழே அன்பொழுக ஒரு யோசனை சொல்கிறீர்களே, அதுதான் தைக்கிறது. வாகனத்தைப் பெற்றோரின் இரண்டாவது வாகனமாகப் பதியலாமே? குடும்பத்தில் நெடுங்காலம் விபத்தில்லாமல் ஓட்டிய மூத்தவர் இருந்தால் அவருடைய விபத்தில்லா ஆண்டுகளுக்கான வகுப்பை மாற்றி வாங்கலாமே? காருக்கு விலை கேட்டவனிடம் தாத்தா யாரென்று கேட்கிறீர்கள்.

தங்கள் அறிவின் ஆழத்தை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. ஏறத்தாழ 33,000 கார் மாடல்களை ஆண்டுதோறும் அலசி, மூன்றாம் தரப்புக் காப்புறுதிக்கு 10 முதல் 25 வரை வகுப்புப் போட்டு வைத்திருக்கிறீர்கள். நாட்டை நானூற்றுச் சொச்சம் பதிவு வட்டாரங்களாகக் கூறுபோட்டு, எல்பே-எல்ஸ்டர் மாவட்டக்காரர் எத்தனை முறை மோதுகிறார், பெர்லின்காரர் எத்தனை முறை மோதுகிறார் என்று பன்னிரண்டு படிகளில் அடுக்கியிருக்கிறீர்கள். இந்தப் பட்டியல்கள் யாரையும் கட்டுப்படுத்தாது, கட்டணத்தை ஒவ்வொரு நிறுவனமும் தானே தீர்மானிக்கிறது என்று தாங்கள் சொல்வதும் தெரியும். பாவம், தாங்கள் கணக்கு மட்டும்தான் சொல்கிறீர்கள். அந்தக் கணக்கைப் பார்த்து எல்லோரும் தற்செயலாக ஒரே திசையில் நடக்கிறார்கள். எங்கள் வியப்பெல்லாம் ஒன்றுதான். காரின் பம்பர் முதல் மாவட்டத்தின் மரம் வரை அறிந்த தங்களுக்கு, தாத்தா இல்லாத மனிதர்களும் வாகனம் ஓட்டுவார்கள் என்பது மட்டும் எப்படித் தப்பியது?

யாழ்ப்பாணத்தின் தேசவழமைச் சட்டம் தங்கள் நூலகத்தில் இருக்க வாய்ப்பில்லை. 1707இல் ஒல்லாந்தர் எழுதித் தொகுத்தது. அது சொத்தை முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்று மூன்றாகப் பிரிக்கும். பரம்பரையாக வந்தது முதலாவது, பெண்ணோடு வந்தது இரண்டாவது, உழைத்துச் சேர்த்தது மூன்றாவது. விபத்தில்லாமல் ஓட்டிய ஆண்டுகளுக்குத் தாங்கள் தரும் எஸ்எஃப் வகுப்பைத் தேடியதேட்டம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பிரேக்கை மிதித்தவன் எவனோ, பலன் அவனுக்கு. தாங்களோ அதை முதுசொமாக்கிவிட்டீர்கள். பேரன் கேட்டால் தாத்தா எழுதிக் கொடுக்கலாம். தாத்தா காலமானாலும், தவணைக்குள் விண்ணப்பித்தால், வகுப்பு வீட்டைவிட்டுப் போகாது. பூஜ்ஜிய வகுப்பில் தொடங்குபவரின் கட்டணம் சில நிறுவனங்களில் அடிப்படைத் தொகையின் 200 சதவீதத்தையும் தாண்டும். எஸ்எஃப் 35இல் இருப்பவர் 20 சதவீதத்தை ஒட்டிக் கட்டுகிறார். இப்படிப்பட்ட சொத்தை வைத்திருக்கும் ஜேர்மன் தாத்தாவுக்குச் சந்தையில் என்ன மதிப்பு என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் ஊர்த் தரகர்களுக்கு இது இன்னும் தெரியவில்லை. தெரிந்தால் சீதனப் பட்டியலில் காணிக்கும் நகைக்கும் நடுவில் 'எஸ்எஃப் 28' என்று ஒரு வரி ஏறிவிடும்.

இளைஞர்கள் அதிகம் மோதுகிறார்கள், அதற்கு நாங்கள் என்ன செய்ய என்று தாங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதினெட்டு முதல் இருபத்து நான்கு வயது வரையானவர்கள் மக்கள்தொகையில் தமக்குள்ள பங்கைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு வீதி விபத்துகளில் அடிபடுகிறார்கள். மறுக்கவில்லை. இளம் சாரதி கூடக் கட்டத்தான் வேண்டும். நாங்கள் கேட்பது வேறு. ஒரே வயது, ஒரே தெரு, ஒரே போலோ, ஒரே அளவு அனுபவமின்மை உள்ள இரண்டு பிள்ளைகளை எடுங்கள். ஒருவன் தன் பெயரில் பதிந்து பூஜ்ஜியத்தில் நிற்கிறான். மற்றவனின் தந்தை இரண்டாவது வாகனமாகப் பதிந்ததால் அவனுடைய கார் முதல் நாளே அரை வகுப்பில், தாராள மனதுள்ள நிறுவனமென்றால் அதற்கும் மேலே, நிற்கிறது. இளம் சாரதி ஓட்டுவார் என்று எழுதியதற்காகக் கொஞ்சம் ஏறினாலும், ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான யூரோ மிச்சம். இரண்டாமவனின் கால் பிரேக்கை விரைவாகத் தேடிப் போகிறதா? தந்தையின் பெயர் பத்திரத்தில் இருப்பதால் நனைந்த ஆட்டோபானில் டயர் வழுக்காதா? ஆபத்து மாறவில்லை, விலை மாறுகிறது. இடையில் மாறியது குடும்பம் ஒன்றுதான். இதற்குப் பெயர் ஆபத்துக் கணிப்பு அல்ல, பிறப்புச் சலுகை. கூச்சமே இல்லாமல் அதைக் கணிதம் என்று எழுதி முத்திரை குத்தி அனுப்புகிறீர்கள். மன்னிக்கவும், குரல் சற்று உயர்ந்துவிட்டது. தாத்தா இல்லாமல் வளர்ந்ததன் குறை.

புள்ளிவிவரம் உண்மையாக இருந்தால் போதும், அதைப் பயன்படுத்துவது சரிதான் என்ற வாதமும் 2011 மார்ச் 1 அன்றே ஆட்டம் கண்டுவிட்டது. பெல்ஜிய நுகர்வோர் அமைப்பான டெஸ்ட்-ஆஷா தொடுத்த வழக்கில், ஆணுக்கொரு கட்டணம் பெண்ணுக்கொரு கட்டணம் கூடாதென ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2012 டிசம்பர் 21 முதல் புதிய ஒப்பந்தங்களில் இருபாலாருக்கும் ஒரே கணக்கு. இளம் ஆண்கள் இளம் பெண்களைவிட மோசமாக மோதுகிறார்கள் என்ற புள்ளிவிவரம் அதற்கு மறுநாள் பொய்யாகிவிடவில்லை. அதை வைத்து விலை போடாதே என்றார்கள், தாங்களும் நிறுத்தினீர்கள், தொழில் மூழ்கிவிடவும் இல்லை. வயதைப் பார்க்க 2006ஆம் ஆண்டின் சமநடத்துகைச் சட்டம் இடம் தருகிறது என்பீர்கள். உண்மை. முறையான ஆபத்துக் கணிப்பின் அடிப்படையில் என்ற நிபந்தனையோடு வயதுக்கு இடம் தருகிறது. தாத்தாவுக்கு எந்தச் சட்டம் இடம் தந்தது?

தாத்தாவின் ஆண்டுகள் முழுவதும் பேரனுக்குப் போவதில்லை, அவன் லைசென்ஸ் வைத்திருந்த காலத்துக்கு உரியது மட்டும்தான் போகும் என்று தங்கள் சட்டப் பிரிவு குறுக்கிடலாம். அதுவும் சரிதான், சரியாக இருப்பதால்தான் இன்னும் வேடிக்கை. 35 ஆண்டு சேர்த்த தாத்தா, லைசென்ஸ் எடுத்து ஏழு ஆண்டான பேரனுக்கு எழுதிக் கொடுத்தால் பேரனுக்கு ஏழு கிடைக்கும். மீதி இருபத்தெட்டும் காற்றோடு போய்விடும். தாத்தாவுக்கும் இல்லை, வேறு பேரப்பிள்ளைக்கும் இல்லை. கொடுத்தவர் திரும்ப ஓட்ட ஆசைப்பட்டால் அடியிலிருந்து தொடங்க வேண்டும். அந்த ஏழு ஆண்டும் பேரன் தாத்தாவின் காரை ஒழுங்காக ஓட்டினான் என்பதற்குச் சாட்சி? பெரும்பாலும் இருவரும் கையெழுத்திட்ட ஒரு படிவம். யாரும் மீற்றரைப் பார்ப்பதில்லை. ஜேர்மன் தாத்தாவின் கையெழுத்துக்கு இவ்வளவு கனம்.

பதினேழு வயதில் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்து ஓட்டும் திட்டத்தைப் பாருங்கள். 2004இல் நீடர்சாக்சனில் தொடங்கி 2011 முதல் நாடு முழுவதும் நிரந்தரமான நல்ல திட்டம். அதில் பழகியவர்கள் பிறகு தனியே ஓட்டும்போது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாக மோதுகிறார்கள் என்று ஆய்வே காட்டியது. தங்கள் நிறுவனங்களும் கழிவு தருகின்றன. ஆனால் பக்கத்தில் இருப்பவருக்கு வயது முப்பது ஆகியிருக்க வேண்டும், ஐந்து ஆண்டாவது ஐரோப்பிய அல்லது சுவிஸ் லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும், ஃப்ளென்ஸ்பூர்க்கிலுள்ள போக்குவரத்துக் குற்றப் பதிவேட்டில் ஒரு புள்ளிக்கு மேல் இருக்கக்கூடாது. இருபது ஆண்டு ஊரில் லொறி ஓட்டிவிட்டு மூன்று ஆண்டுக்கு முன் இங்கு வந்து சேர்ந்த தகப்பன் பக்கத்து ஆசனத்தில் இருக்கவும் தகுதியற்றவர். இந்த விதி அரசின் விதி, தங்கள் பழி அல்ல. அந்த விதியின் மேல் கழிவைக் கட்டி எழுப்பியது தாங்கள்.

இதெல்லாம் வெளிநாட்டவருக்கு எதிரானது அல்ல என்பீர்கள். அதையும் ஒப்புக்கொள்கிறோம். ஒரு காலத்தில் துருக்கி, யூகோஸ்லாவியக் குடும்பங்களிடம் கடவுச்சீட்டைப் பார்த்துக் கூடுதலாகக் கேட்ட நிறுவனங்கள் இங்கே இருந்தன. 1990களின் நடுவில் சட்டம் அதை முறைகேடு என்று அறிவித்த பிறகு, குடியுரிமையை வைத்து யாரும் கட்டணம் போடுவதில்லை. எவ்வளவு நாகரிகம்! எந்த நாடு என்று கேட்பதில்லை, தாத்தா எங்கே ஓட்டினார் என்று மட்டும்தான் கேட்கிறீர்கள். 1980களில் அகதியாக வந்த எங்கள் ஆட்களை, விண்ணப்பம் முடிவாகும் வரை மாவட்ட எல்லையைத் தாண்டாதே என்று இந்த நாட்டின் சட்டம் கட்டி வைத்திருந்தது. காலடியை அடுத்த ஊரில் வைக்க அனுமதி கேட்டவன் எங்கே போய் விபத்தில்லா ஆண்டுகளைச் சேர்ப்பது? அவர்களுள் பலர் பிறகு கார் வாங்கி, இன்று எஸ்எஃப் 25, 30 என்று நிமிர்ந்து நிற்பதும் உண்மைதான். அவர்களின் பிள்ளைகளுக்கு அப்பா உண்டு. அண்மையில் வந்தவரின் மகளுக்கும், கோயம்புத்தூரிலிருந்து படிக்க வந்த பையனுக்கும் அதுவும் இல்லை. எங்களை விடுங்கள், சிறுவர் இல்லத்தில் வளர்ந்த ஜேர்மன் பிள்ளைக்கும் கார் வாங்க வசதியே இல்லாத தாயின் மகனுக்கும்தான் என்ன உண்டு? தாத்தா இல்லாமை நம் நாட்டில் இன பேதம் பார்ப்பதில்லை.

அந்தக் கோயம்புத்தூர்ப் பையன் ஊரில் ஐந்து ஆண்டு சிராய்ப்பில்லாமல் ஓட்டியிருந்தாலும் ஆறு மாதத்தில் அவனுடைய இந்திய லைசென்ஸ் இங்கு காலாவதி. எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு இரண்டிலும் தேறிப் புதுச் சாரதியாகிறான். வெளிநாட்டுச் சான்றிதழைச் சரிபார்க்க முடியாது என்பது தங்கள் வழக்கமான பதில். இதில் தங்கள் பக்கம் ஓர் உண்மை உண்டு. இந்தியாவில் இழப்புக் கோராதவருக்கு 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்தாண்டில் 50 சதவீதம் வரை கிடைக்கும் கழிவு, சொந்த வாகனச் சேதக் காப்பீட்டுக்கு மட்டும்தான். மூன்றாம் தரப்புக் கட்டணத்தை எஞ்சின் அளவைப் பார்த்து அரசு நிர்ணயிக்கிறது. ஓட்டுபவரின் வயதையும் கேட்காது, தாத்தாவையும் கேட்காது. ஆகவே அந்தத் தாள் முழுச் சாட்சி ஆகாது. அரைச் சாட்சி என்றாவது எடுத்து, அதற்கேற்ற அரை வகுப்பையாவது தரலாமே. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2023 டிசம்பர் முதல், முந்தைய வசிப்பிடம் வேறு உறுப்பு நாடு என்பதற்காகப் பாகுபாடு காட்டாமல் இழப்பு வரலாற்றுச் சான்றிதழைப் பார்க்க வேண்டும் என்றாகிவிட்டது. போர்த்துக்கலின் தாளை வாசிக்கத் தெரிந்தவர்களுக்குத் தமிழ்நாட்டின் தாள், அதுவும் ஆங்கிலத்தில் அச்சான தாள், வாசிக்கக் கடினமாக இருக்காது.

டெலிமாட்டிக் இருக்கிறதே, தாத்தா வேண்டாம், கைபேசி போதும் என்ற சமாதானமும் வருகிறது. பிரேக், வளைவு, வேகம் எல்லாவற்றையும் செயலி பார்த்துப் புள்ளி போடும், நன்றாக ஓட்டினால் 30 சதவீதம் வரை குறையும். மொத்த ஏற்பாட்டிலும் நேர்மையான மூலை இதுதான் என்று சொல்லத் தயங்கமாட்டோம், ஓட்டுபவனையே பார்க்கிறது என்பதால். ஆனால் 30 சதவீதம் எதில் குறைகிறது? பூஜ்ஜிய வகுப்புத் தொகையில். சில திட்டங்களில் இரவில் ஓட்டினால் புள்ளி இறங்கும். முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்தும், விடிவதற்குள் பேக்கரிக்குப் போயும் வருபவர்கள் யாருடைய பிள்ளைகள் என்று தங்கள் மாவட்டப் பட்டியலில் பாருங்கள். தாத்தா உள்ளவனை மட்டும் இரவில் எங்கே போகிறாய் என்று எந்தச் செயலியும் கேட்பதில்லை.

ஆகவே எங்கள் வேண்டுகோள் சிறியது. வகுப்பை ஓட்டியவருக்கு மட்டும் உரியதாக்குங்கள். கையெழுத்தால் கைமாறும் வழியை மூடுங்கள். அது முடியாதென்றால், கைமாறும் சலுகையால் விளையும் குறைவை எல்லாப் புதுச் சாரதிக்கும் பகிர்ந்து, தொடக்கத்தை எல்லோருக்கும் அரை வகுப்பாக்குங்கள். வெளிநாட்டுச் சான்றிதழை வாசித்துப் பார்த்துவிட்டு மறுங்கள். இவை மூன்றும் முடியாதென்றால், ஒரு நல்ல தாத்தாவை, வடக்கோ தெற்கோ, எஸ்எஃப் 20க்குக் குறையாமல், அனுப்பி வையுங்கள். சோறு போட்டு, பொங்கலுக்கு வேட்டி எடுத்துக் கொடுத்து, மரியாதையாகப் பார்த்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
பூஜ்ஜிய வகுப்பில் நிற்கும் பிள்ளைகளின் சார்பில்

பி.கு. இதை வாசிக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு: கடிதத்துக்குப் பதில் வரும் வரை காத்திருக்க வேண்டாம். காரை விற்றுவிட்டாலும் தங்கள் வகுப்பைப் பொதுவாக ஏழு ஆண்டாவது வைத்திருப்பார்கள். எத்தனை ஆண்டு என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிள்ளைக்கு மாற்றிக் கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது, ஆகவே இரண்டாவது வாகனமாகப் பதிந்தால் என்ன வரும் என்று முதலில் கேட்டுப் பாருங்கள். ஊரிலிருந்து புதிதாக வருபவர்கள் புறப்படும் முன்பே இழப்புக் கோரவில்லை என்ற கடிதத்தைத் தமது காப்பீட்டு நிறுவனத்திடம் வாங்கி வரட்டும். பத்து இடம் மறுத்தாலும், ஏற்கும் நிறுவனம் ஒன்றிரண்டு இருக்கிறது.