இடுப்பைக் கேட்டுப் பை வாங்குங்கள்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் எல்க் மான் வேட்டைக் காலம் நெருங்கினால் எனக்கு வரும் கேள்விகளில் முக்கால்வாசி துப்பாக்கியைப் பற்றித்தான் இருக்கும். இந்த முறை எல்லாரும் பையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். போன வருடம் யாரோ நிஜமாகவே சுமந்திருக்கிறீர்கள் போல.

கே: கொலராடோவில் எல்க் உரிமம் கிடைத்துவிட்டது. காலேஜ் காலத்து பேக்பேக் ஒன்று வீட்டில் இருக்கிறது. போதாதா? (கன்னி வேட்டைக்காரர், டென்வர்)

ப: போவதற்குப் போதும். வருவதற்குத்தான் போதாது.

காலையில் கிளம்பும்போது முதுகில் இருப்பது தண்ணீர், மழைக்கோட்டு, கத்தி, சுருட்டிய நாலு சப்பாத்தி. அதை மஞ்சப்பையில்கூடக் கொண்டுபோகலாம். மான் விழுந்த பிறகுதான் கணக்கு மாறும். வளர்ந்த ஆண் எல்க் முந்நூறு கிலோவை ஒட்டி இருக்கும். எலும்பை நீக்கினாலும் 80, 90 கிலோ கறி தேறும். எலும்போடு எடுத்தால் ஒரு பின்தொடையே 25 கிலோவைத் தாண்டும். வண்டியோ மலைக்கு அந்தப் பக்கம். காலேஜ் பை அந்தத் தொடையைத் தூக்காது. உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு தானும் தொங்கும். சாப்பிடத் தக்க கறியைக் காட்டிலேயே விட்டுவிட்டு வருவது கொலராடோ உட்படப் பல மாநிலங்களில் குற்றம். ‘பை சரியில்லை ஐயா’ என்று வன அதிகாரியிடம் சொல்லிப் பாருங்கள், அவர் எழுதும் ரசீதை வைக்க அந்தப் பை தாராளமாகப் போதும்.

கே: சட்டகம் வைத்த பை என்கிறார்கள். நாலு கம்பிக்கு இத்தனை காசா? (கணக்குப் பார்ப்பவர், டாலஸ்)

ப: அந்த நாலு கம்பிக்கு ஒரே வேலைதான்: தோளில் ஏறும் எடையை இடுப்பில் இறக்குவது. பை எவ்வளவு கனத்தாலும் சட்டகம் நெடுக்கில் மடங்கக் கூடாது. மடங்கினால் எடை மறுபடி தோளுக்கே வந்துவிடும். நெடுக்கில் விறைப்பாகவும், பக்கவாட்டில் கொஞ்சம் முறுக்கிக் கொடுப்பதாகவும் இருந்தால்தான் கல்லிலும் மரத்திலும் தாண்டி நடக்கலாம். இந்த இரண்டும் ஒன்றாக வருவது சிரமம். அதற்காகத்தான் அலுமினியம், டைட்டானியம், கார்பன் இழை என்று ஆளுக்கொரு பொருளைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறார்கள். காசு அங்கே போகிறது. பை என்பது அதன்மேல் மாட்டிய துணி.

கடையில் சோதிக்க ஒரு வழி. பையில் இருபது கிலோ வைக்கச் சொல்லுங்கள். இடுப்பு பெல்ட்டை மாட்டி இறுக்கிவிட்டு, தோள்வார்களை முழுக்கத் தளர்த்துங்கள். பை அப்படியே நின்றால் சட்டகம் வேலை செய்கிறது. சரிந்து பிட்டத்தில் உட்கார்ந்தால், கடைக்காரர் எவ்வளவு இனிக்கப் பேசினாலும் வெளியே வந்துவிடுங்கள்.

கே: நான் ஆறடி. லார்ஜ் சைஸ்தானே? (சான் ஹோசே)

ப: ஆறடியில் கால் எவ்வளவு, முதுகு எவ்வளவு? அதைச் சொல்லவில்லையே!

தலையைக் குனியுங்கள். பிடரியின் அடியில் ஒரு எலும்பு துருத்தும். அதுதான் தொடக்கம். இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் வைத்துக் கட்டைவிரல்களைப் பின்னால் நீட்டுங்கள். விரல்கள் சந்திக்கும் கோடுதான் முடிவு. நடுவில் உள்ளதை முதுகின் வளைவோடு ஒட்டி இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். நீங்களே அளந்தால் டேப்பும் தப்பு, கழுத்தும் சுளுக்கு. பை வாங்க வேண்டியது இந்த அளவுக்கு. ஐந்தே முக்கால் அடிக்காரருக்கு உங்களைவிட நீள முதுகு இருக்கலாம்.

சட்டகத்தின் உயரமும் முக்கியம். தோளுக்கு மேல் கொஞ்சமாவது அது எழும்ப வேண்டும். தோள்வாரின் உச்சியிலிருந்து சட்டகத்தின் தலைக்கு ஒரு சின்ன வார் போகும், லோட் லிஃப்டர் என்பார்கள். அது ஏறக்குறைய 45 டிகிரியில் மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால் இழுக்க இழுக்கப் பாரம் தோளைவிட்டு எழும். சட்டகம் குட்டையாக இருந்து வார் கிடைமட்டமாகக் கிடந்தால் அது வெறும் அலங்காரம்.

பெல்ட் வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பின் மேட்டைக் கவ்வி உட்கார வேண்டும். இறுக்கிய பிறகு முன்பக்கத்தில் இரண்டு மெத்தைகளும் முட்டிக்கொள்ளக் கூடாது. பத்து நாள் மலையேறினால் தொப்பை குறையும். அன்றைக்கும் இறுக்க இடம் வேண்டாமா?

கே: வெளிச் சட்டகமா, உள் சட்டகமா? நண்பர்களுக்குள் பந்தயம். (சால்ட் லேக் சிட்டி)

ப: பந்தயத்தில் இரண்டு பேரும் தோற்றீர்கள்.

கலிஃபோர்னியாவின் கிளெண்டேலில் 1952-ல் டிக் கெல்ட்டி என்பவர் விமானத்துக்கு ஆகும் அலுமினியக் குழாயை வளைத்துச் சட்டகம் செய்தார். மனைவி நீனா பை தைத்தார். அதுவரை மரப்பலகையைக் கட்டிக்கொண்டு திரிந்தவர்களுக்கு அது பெரிய விடுதலை. மலையில் ஒருமுறை சட்டகத்தின் கால்களைக் கால்சட்டையின் பின்பாக்கெட்டில் செருகிப் பார்த்தபோதுதான், எடையை இடுப்பால் தாங்கலாம் என்று அவருக்குப் புலப்பட்டதாகச் சொல்வார்கள். பிறகு 1967-ல் கிரெக் லோ என்ற மலையேறி சட்டகத்தைப் பைக்குள்ளேயே ஒளித்துவைத்தார். பாறை ஏறும்போது அது உடம்போடு ஒட்டிக் கிடந்தது. மலையேறிகள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். வேட்டைக்காரர்கள் சாயவில்லை. கறித்தொடையைக் கட்ட அவர்களுக்கு வெளியே தெரிகிற கம்பி வேண்டுமே. அலாஸ்காவில் மூஸ் மான் கறி சுமப்பவர்களிடம் பையே இல்லாத மொட்டைச் சட்டகத்தை இன்றைக்கும் பார்க்கலாம்.

இப்போது வேட்டைக்கென்று வரும் நல்ல பைகள் இரண்டுக்கும் நடுவில் இருக்கின்றன. சட்டகம் முதுகோடு ஒட்டியிருக்கும். பையை அதிலிருந்து விலக்கி, இடையில் கறியை வைத்து, மறுபடி பையாலேயே இறுக்கலாம். என் ஓட்டு இதற்கு.

கே: அந்த இடைவெளியில் கறியை எப்படி வைப்பது? (அதே ஊர், பந்தயத்தில் தோற்ற இன்னொருவர்)

ப: காற்றுப் புகும் துணி உறையில் போட்டு, முதுகுத்தண்டை ஒட்டி, நடு முதுகிலிருந்து தோள்பட்டை வரைக்குமான உயரத்தில். அடியில் போட்டால் பின்னால் இழுக்கும். வெளியே தள்ளிப் போனால் இன்னும் மோசம், ஒவ்வொரு அடிக்கும் உங்களை மல்லாத்தப் பார்க்கும். கறி வழுவழுப்பானது, நடக்க நடக்க அடியில் போய்க் குந்தும். பக்கவார்களைக் கருணையில்லாமல் இறுக்குங்கள். அரை மணி கழித்து நின்று இன்னொரு தடவை இறுக்குங்கள்.

கே: அவர் பைக்கு எண்ணூறு டாலர் வேண்டும் என்கிறார். நியாயமா, நாடகமா? (ஒரு மனைவி, சியாட்டில்)

ப: நியாயம்தான் அம்மா, ஆனால் முழு நியாயம் இல்லை. நல்ல சட்டகப் பை நானூறிலிருந்து எண்ணூறு டாலர் வரை போகிறது. மொன்டானாவின் போஸ்மன் என்ற ஒரே ஊரில் மிஸ்டரி ராஞ்ச், ஸ்டோன் கிளேசியர் என்று இரண்டு பை நிறுவனங்கள் போட்டிக்குக் கடை விரித்தன; ஐடஹோவின் பாய்ஸியிலும் இதே தொழில் நடக்கிறது. அவரிடம் சொல்லுங்கள்: ‘சட்டகத்தை நல்லதாக வாங்கு. அதில் மாட்டும் பையைப் பிறகு பார்க்கலாம்.’ பல நிறுவனங்கள் இரண்டையும் தனித்தனியாகவே விற்கின்றன. துப்பாக்கியின் ஸ்கோப்புக்கு அவர் எவ்வளவு கொடுத்தார் என்றும் சாவகாசமாகக் கேளுங்கள். பதில் வரும் வேகத்தில் மற்றது விளங்கும்.

கே: ரைஃபிளைத் தோளில் மாட்டினால் பையின் வாரோடு சண்டை போடுகிறது. நழுவிக்கொண்டே இருக்கிறது. (ஸ்போகேன்)

ப: போடத்தான் செய்யும். ஒரு தோளில் இரண்டு வார். ஸ்கோப்போடு சேர்த்து நாலு கிலோ வரும் துப்பாக்கியைப் பையின் பக்கத்தில் நிறுத்திக் கட்டலாம். அல்லது பைக்குள்ளேயே தைத்த உறையில் செருகலாம். இந்த இரண்டாவது வகைக்குப் பேர்போன எபர்லஸ்டாக் நிறுவனத்தைத் தொடங்கிய கிளென் எபர்லி, 1984 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக பயத்லான் ஆடியவர். துப்பாக்கியை முதுகில் கட்டிக்கொண்டு பனியில் சறுக்கும் பந்தயம் அது. அவருக்குத் தெரியாதா, எங்கே உறுத்தும் என்று!

ஆனால் பக்கத்தில் கட்டினால் மூன்று விஷயம். அந்தப் பக்கம் சாயும், எனவே தண்ணீரையும் தொலைநோக்கியையும் மறுபக்கம் வையுங்கள். குழல் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் தாழ்ந்த கிளையெல்லாம் உங்களைப் பிடித்து நிறுத்தும். மூன்றாவது, கட்டும்போது துப்பாக்கியின் அறையில் தோட்டா இருக்கவே கூடாது. பூட்டு போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்வேன் என்ற பேச்சே வேண்டாம்.

கரடி நடமாடும் காடென்றால் மிளகு ஸ்பிரே மார்பிலோ பெல்ட்டிலோ இருக்கட்டும். பைக்குள் இருந்தால் கரடிதான் அதைப் பிரித்துப் பார்க்கும்.

கே: பெஞ்சில் அருமையாகச் சுடுகிறேன். காட்டில் பையின்மேல் வைத்துச் சுட்டால் மேலே போகிறது. துப்பாக்கியை விற்றுவிடலாமா? (ஹூஸ்டன்)

ப: நல்ல விலைக்கு வந்தால் எனக்குச் சொல்லுங்கள், குறை அதனிடம் இல்லை.

பையைக் கீழே போட்டு அதன்மேல் துப்பாக்கியை வைப்பது மலையில் கிடைக்கும் ஆகச் சிறந்த தாங்கல். சட்டகம் இருப்பதால் அமுங்கிச் சாயாது. ஆனால் நீங்கள் குழலையே சட்டகத்தின் விளிம்பில் வைத்திருப்பீர்கள். சுடும்போது குழல் அதிரும். கெட்டியான பொருளில் பட்டால் அதைவிட்டு எம்பும், குண்டு மேலே போகும். குழல் எதிலும் படக் கூடாது. முன்கட்டையை வையுங்கள், அதையும் கம்பியின்மேல் அல்ல. சட்டகப் பக்கம் தரையில், துணிப்பக்கம் மேலே. நடுவில் ஒரு மடித்த ஜாக்கெட் இருந்தால் இன்னும் உத்தமம்.

முன்னால் தாங்கல் இருந்தால் பாதிதான். பின்கட்டையின் அடியில் சுருட்டிய தொப்பியோ கையுறை நிறைத்த சிறு பையோ வைத்து, துப்பாக்கி பிடிக்காத கையால் அதைப் பிசைந்து உயரத்தைச் சரிசெய்யுங்கள். முன்கட்டையைப் பிடித்து அழுத்த வேண்டாம். படுத்துச் சுட வார்களை இறுக்கிப் பையைத் தட்டையாக்குங்கள். புல் உயரமாக இருந்து உட்கார்ந்து சுடுவதானால் பையை நிமிர்த்துங்கள்.

இனிச் சொல்லப்போவதைச் செய்தவர்கள் வெளியே சொல்ல மாட்டார்கள். ஸ்கோப் குழலுக்கு நாலைந்து சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. கண்ணுக்குப் பாதை சுத்தமாகத் தெரியும், மான் முழுசாகத் தெரியும். குழலின் வாய்க்கு நேரே உங்கள் பையின் மேல்மூடி இருக்கும். எண்ணூறு டாலர் பையைச் சுட்டு வீழ்த்திய வீரர்கள் உண்டு. விசையில் விரல் வைக்குமுன் தலையைத் தூக்கிக் குழலுக்கு முன்னால் பாருங்கள். குழலின் வாய் பையைத் தாண்டி வெளியே நீண்டிருக்கட்டும், இல்லாவிட்டால் வெடிக்காற்றே துணியைக் கிழிக்கும்.

கே: ஆரஞ்சு நிற உடுப்பு போட்டால் போதும்தானே? (கொலராடோ ஸ்பிரிங்ஸ்)

ப: போட்டுவிட்டு அதன்மேல் காட்டு நிறத்தில் அவ்வளவு பெரிய பையை மாட்டினால் பின்னால் வருகிறவருக்கு யார் சொல்வது? ரைஃபிள் பருவத்தில் கொலராடோ சட்டப்படி இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குலம் பளிச்சென்ற ஆரஞ்சோ இளஞ்சிவப்போ எல்லாப் பக்கமும் தெரிய வேண்டும். தலையிலும் வேண்டும். பைக்கு ஒரு ஆரஞ்சு உறை வாங்குங்கள். கொம்பைப் பையில் கட்டிக்கொண்டு வருகிறீர்கள் என்றால் கொம்பிலும் ஒரு ஆரஞ்சுத் துணி கட்டுங்கள். புதருக்கு மேலே கொம்பு மட்டும் நகர்வதைத் தூரத்திலிருந்து பார்க்கிறவர் நீங்கள் மனிதர் என்று நினைக்க வாய்ப்பில்லை.

கே: நாற்பது கிலோ ஏற்றிய பையோடு எழுந்திருக்கவே முடியவில்லை. என்ன உபாயம்? (ஃபீனிக்ஸ்)

ப: பழைய பாதைகளில் நம் முன்னோர்கள் சுமைதாங்கிக் கல் நட்டார்கள், தனியாள் யார் துணையும் இல்லாமல் தலைச்சுமையை இறக்கவும் ஏற்றவும். காட்டில் அந்த உயரத்துக்கு ஒரு பாறையையோ விழுந்த மரத்தையோ தேடி, பையை அதன்மேல் வைத்து மாட்டுங்கள். கிடைக்காவிட்டால் சரிவில் பையை நிறுத்தி, முன்னால் உட்கார்ந்து வாரை மாட்டி, பெல்ட்டைப் பூட்டி, கவிழ்ந்து முழங்காலுக்கு வந்து, கோலை ஊன்றி எழுங்கள். பார்க்க அழகாக இருக்காது. எல்க் ஏற்கெனவே செத்துவிட்டது, யார் பார்க்கப் போகிறார்கள்?

அப்படியும் முடியவில்லையென்றால் அது குருவி தலையில் பனங்காய். பாதியை இறக்குங்கள், இன்னொரு நடை போங்கள். முதல் நடையில் கொம்பை எடுக்கிற ஆசை வேண்டாம். அலாஸ்காவில் கறி முழுதும் வரும்முன் கொம்பை வெளியே கொண்டுவரச் சட்டமே இடம் தராது.

கே: இந்தப் பையை வாங்கி வால்பாறைக்குக் கொண்டு போகலாமா? (பொள்ளாச்சி)

ப: பையை மட்டும் கொண்டுபோங்கள். 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அனுமதி உள்ள மலையேற்றத்துக்கு நன்றாக உழைக்கும். ஆனால் அதற்கு இவ்வளவு கனமான சட்டகம் வீண். பையே இரண்டு மூன்று கிலோ, உங்கள் முழு மூட்டையும் அவ்வளவுதான் இருக்கும்.

கே: பருவம் தொடங்க இரண்டு மாதம் இருக்கிறது. எதைப் போட்டுப் பழகுவது? செங்கல்? (மறுபடியும் டென்வர் கன்னி வேட்டைக்காரர்)

ப: தண்ணீர். கேன்களில் நிரப்பிக் கட்டிக்கொண்டு பக்கத்து மலையில் ஏறுங்கள். உச்சியில் கொட்டிவிட்டுக் காலி கேனோடு இறங்குங்கள். ஏற்றத்தில் தொடை பழகும், இறக்கத்தில் முழங்கால் பிழைக்கும். சட்டகம் எங்கே கிறீச்சிடுகிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும். அந்த இணைப்பில் கொஞ்சம் மெழுகு தேயுங்கள். கேன் மூடியை மட்டும் நன்றாகத் திருகுங்கள். பாதி மலையில் பை திடீரென்று இலேசானால், அது உங்கள் உடம்பு தேறியதால் அல்ல.