நான்கு கல் இல்லம்

வீட்டு வாழ்வை எளிமையாக்கும் கலையில், 2021-இல் சிவகாசி மாநகராட்சியோடு இணைந்த திருத்தங்கல்லை உலகமே பின்பற்றலாம். ஜப்பானியர் அறையிலுள்ள பொருள்களை மட்டும் கழித்துவிட்டு அதையே எளிமை என்று நம்பியிருக்க, இவ்வூரிலோ சுவரும் கூரையும்கூடக் கழிக்கப்பட்டு, வண்ணம் பூசிய நான்கு எல்லைக் கற்கள் மட்டுமே எஞ்சும் ‘பிளாட்’ என்னும் முதிர்நிலை இல்லம் வாய்த்திருக்கிறது. அதில் ஒட்டடை படியாது, விருந்தினரும் தங்கார். வழிகாட்டி மதிப்பு, அதாவது பத்திரப்பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் நிலவிலை, ஒன்றாகவும் கைமாறும் தொகை வேறாகவும் இருப்பதால், வாங்குவோருக்குத் துவைத தத்துவமும் இலவசமாகக் கிடைக்கிறது. வட்டாரத்தில் அச்சாகும் நாள்காட்டியை மாட்டச் சுவரில்லை என்பது ஒரு குறையாகாது. விலை ஏறும் நாளை எண்ண அதைக் கையில் வைத்திருந்தாலே போதும். மனை 1 சென்ட், அதாவது 435.6 சதுர அடி, எனச் சுருங்கினாலும் கலங்க வேண்டியதில்லை. இவ்வூர்த் தங்கால மலைப் பெருமாளே படுக்க இடம் கேளாமல் நின்ற நாராயணராகத்தான் எழுந்தருளியிருக்கிறார். படுத்தே தீரவேண்டும் என்போர், பெருமாள் பள்ளிகொண்டிருக்கும் திருவரங்கத்தில் மனை விசாரிக்கலாம்.