மாப்ளே, புரூனோவுக்கு எத்தனை பந்தி?

ஊர்ல கேக்குறாக மாப்ளே: "அபிராமபுரத்துக்கு மக வீட்டுக்குப் போனீகளே, மருமகன் சௌக்கியமா?" மருமகன் சௌக்கியந்தான், அவரு நாய்தான் மூணு படி ஏறுனா மூச்சு வாங்குதுன்னு சொல்ல வாய் வந்துச்சு. மாமனார் மரியாதை தடுத்துருச்சு.

திண்ணை இல்லாத வீட்டுல எனக்கு வேற என்ன சோலி? பால்கனியில உக்காந்து புரூனோவோட சாப்பாட்டுக் கணக்கை எடுத்தேன். காலையில செயின்ட் மேரிஸ் ரோட்டுல ஒரு நடை நடத்திக் கூட்டியாந்து, டம்ளர்ல அளந்து பாக்கெட் தீனி போடுறீக. மோந்து பாத்துட்டு அது தலையைத் திருப்பிக்கிடுது. லிஃப்ட்ல நீங்க இறங்குற சத்தம் கேட்டதும் சம்பந்தியம்மா வர்றாக: "பாவம், கொழந்தை ஒண்ணுமே தொடலையே!" ஒரு கிண்ணம் தயிர்சாதம். மத்தியானம் வேலைக்கு வர்ற அம்மா கையில சாம்பார் சோறு. நாலு மணிக்குப் பேரன். க்ரீம் பிஸ்கட்டைப் பிரிச்சு, க்ரீமை இவன் நக்கிட்டு, ஓட்டை அதுக்குக் குடுக்கான். பொழுதடைஞ்சா கீழே வாட்ச்மேனோட டீக்கடை பன்னுல பாதி. ராத்திரி மறுபடி உங்க டம்ளர், இந்தத் தடவை கோபுரம் வச்சு. இதுக்கு மேல என்கிட்ட வந்து, "மாமா, இது சரியாவே சாப்பிடலை"ன்னு முகத்தைத் தொங்கப் போடுறீக. கவலைப்படாதீக மாப்ளே. அஞ்சு நிமிசத்துல தயிர்சாதம் வரும்னு தெரிஞ்ச எந்த ஜீவனும் பாக்கெட் தீனியைத் தொடாது.

"அது என்னையே பாக்குது மாமா, பசிதானே?"ன்னு கேட்டீக. பாக்கத்தான் செய்யும். புரூனோ லாப்ரடார் சாதி, அதுக்கு அது பொறவிக் குணம். கேம்பிரிட்ஜ்ல 2016-ல ஆராய்ச்சி பண்ணிச் சொல்லியிருக்காக: பிரிட்டன்ல இருக்குற லாப்ரடார்கள்ல நாலுல ஒண்ணுக்கு, 'போதும், வயிறு நெறஞ்சது'ன்னு சொல்ற மரபணுவுல ஒரு துண்டு விட்டுப் போயிருக்காம். அந்த மூஞ்சியைப் பாத்து அளவு போட்டா, அரிசி மூட்டை தீந்தாலும் அளவு தீராது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு பாக்குறீகளா? எங்க தங்கச்சி பேரன் வேப்பேரி கால்நடைக் கல்லூரியில படிக்கான். 1903-ல தொடங்குன காலேஜ். அவன்தான் இன்னொண்ணும் சொன்னான். பூரினான்னு ஒரு அமெரிக்கத் தீனிக் கம்பெனி, 48 லாப்ரடார் குட்டிகளை, ஒரே ஈத்துல பொறந்ததா ரெண்டு ரெண்டா ஜோடி சேத்து, ஒண்ணுக்குப் போடுறதுல கால்வாசியைக் குறைச்சு மத்ததுக்குப் போட்டு, ஆயுசு முழுக்கப் பாத்திருக்கு. 2002-ல கணக்கு வெளிவந்துச்சு. குறைச்சுத் தின்ன கூட்டம் ஏறக்குறைய 13 வருசம். நெறையத் தின்ன கூட்டம் 11 வருசம் சொச்சம். மூட்டுவலியும் குறைச்சுத் தின்னதுகளுக்குப் பிந்தித்தான் வந்திருக்கு. தீனி விக்கிறவனே 'கொஞ்சமாப் போடு'ன்னு சொல்லிட்டான். சம்பந்தியம்மாதான் ஒத்துக்க மாட்டேங்குறாக.

நாய் மெலிவா பருமனான்னு பாக்க, ஒங்க கையை மடக்குங்க மாப்ளே. முட்டி மேல இன்னொரு கை வெரலை ஓட்டுங்க, எலும்பு துருத்துதா? நாயோட விலா இப்படித் துருத்துனா அது மெலிவு. இப்பக் கையை விரிச்சுப் பொறங்கையைத் தடவுங்க. லேசா எலும்பு தட்டுதுல்ல? நாயோட விலா அப்படித் தட்டணும். புரூனோவைத் தடவிப் பாத்தேன். விலா உள்ளே இருக்குன்னு நம்புறேன்.

நீங்களும் விட்டுக்குடுக்கலை. "உங்க சிப்பிப்பாறை நாய் கம்பங்கூழ் குடிச்சே ஓடலையா?"ன்னு மடக்குனீக. குடிச்சுச்சு, மறுக்கலை. ஆனா கூழு பாதிதான். மிச்சத்தை அது காட்டுல முயலு, எலின்னு புடிச்சுத் தின்னு, யாருக்கும் கணக்குக் காட்டாம ஈடுகட்டிக்கிடும். அது மாதிரியே இன்னொரு நாட்டு நாய், ராசபாளையத்து நாய், 2005-ல தபால்தலையிலயே ஏறுச்சு. அதுக்கு இடுப்பு எங்கேன்னு யாரும் தேடலை. உங்க மூணாவது மாடியில எலி ஏது? இருந்தாலும் புரூனோ எந்திரிச்சுப் புடிக்குமா? அதனால தயிர்சாதம் மட்டும் போட்டா மாவுச்சத்து மிஞ்சும், புரதம் பத்தாது. வளந்த நாய்க்கு, தண்ணியைக் கழிச்ச தீனியில நூத்துக்கு 18 பங்காவது புரதம் இருக்கணும்னு அமெரிக்கத் தீனி விதி. அரிசியில 7, 8 தேறுனா பெரிசு. அதுக்காக சம்பந்தியம்மா மேல கோவப்படாதீக. தயிர் நல்லதுதான், பாலை விட நாய்க்குச் செரிக்கும். கூட ஒரு அவிச்ச முட்டை சேரட்டும். அந்த வீட்டுல முட்டை நுழையுறதுதான் பஞ்சாயத்து.

இதைக் கேட்டு வீறாப்பா எலும்பில்லாக் கோழி வாங்கி, சோத்தோட வேகவச்சுப் போட்டீக, பாத்தேன். அதுலயும் ஒரு ஓட்டை இருக்கு. வெறுங்கறியில பாஸ்பரஸ் கூடுதல், சுண்ணாம்புச் சத்து சொற்பம். மாசக்கணக்கா இதே போச்சுன்னா, உடம்பு தன் எலும்பையே கரைச்சு ஈடுகட்டும். முட்டை ஓட்டுப் பொடியா, வேற மருந்தான்னு டாக்டர்தான் அளவு சொல்லணும். பெரிய சாதிக் குட்டிக்கு சுண்ணாம்பு கூடுனாலும் கேடு. வேகவச்ச எலும்பு மட்டும் வேண்டவே வேண்டாம். சில்லு சில்லா உடைஞ்சு குடலைக் குத்தும்.

'தானியமே இல்லாத தீனி'ன்னு எம்மக வெலை கூடுன பாக்கெட்டைத் தேடிக்கிட்டிருக்கா. ஸ்வீடன்காரங்க 2013-லயே காட்டிட்டாக, ஓநாய்க்கு இல்லாத அளவுக்கு மாவுச்சத்தைச் செரிக்கிற மரபணு நாய்க்குப் பெருகியிருக்குன்னு. நம்மகூட இருந்து நம்ம சோத்தைத் தின்னே பெருகுனது. 2018-ல அமெரிக்காவோட உணவு, மருந்து கண்காணிப்புத் துறை எஃப்.டி.ஏ. அந்தத் தானியமில்லாத் தீனிக்கும் நாய்களோட இதய நோய்க்கும் சம்பந்தம் இருக்கான்னு விசாரணையே நடத்துச்சு. முடிவு இன்னும் திட்டமா வரலை. திட்டமா வந்தது பில்லுதான்.

இப்பச் சிரிக்காமக் கேளுங்க. அந்த சாம்பார் சோத்தை இன்னையோட நிப்பாட்டணும். வெங்காயம், சின்னதோ பெரிசோ, பச்சையோ வெந்ததோ, நாயோட ரத்தச் சிவப்பணுவை உடைக்கும், பூண்டும் அப்படித்தான். சர்க்கரைப் பொங்கல்ல கிடக்குற திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட் ஆகாது. சர்க்கரை இல்லாத சூயிங்கம்னு பையில வச்சிருக்கீகளே, அதுல சைலிட்டால்ங்கிற இனிப்பு இருந்தா, நாயோட ரத்தச் சர்க்கரை தடாலுன்னு இறங்கி உசுருக்கே வினையாகும். தின்னுருச்சுன்னா எனக்குப் போன் போடாதீக, டாக்டருக்குப் போடுங்க.

பிஸ்கட்டை முழுசா ஒழிக்கச் சொல்லலை, பேரன் அழுவான். நொறுக்குத்தீனி நாள் கணக்குல பத்துல ஒரு பங்கைத் தாண்டப்படாது. ஒரு மேரி பிஸ்கட் சுமாரா 25 கலோரி. வீட்டுக்குள்ளயே கிடக்குற 30 கிலோ நாய்க்கு நாளுக்கு நாலு பிஸ்கட்தான், அதையும் சாப்பாட்டுக் கணக்குல கழிச்சுக்கணும். க்ரீமை வழக்கம்போல பேரனே நக்கட்டும்.

நாளைக்கு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயி எடை போடுங்க. நாளுக்கு எத்தனை கிராம்னு சீட்டுல எழுதி வாங்கி, ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டுங்க. அளக்குறது ஒரே ஆள், வைக்கிறது ஒரே கிண்ணம், பக்கத்துல எந்நேரமும் நல்ல தண்ணி. அந்தச் சீட்டுக்கு நாலு நகல் எடுங்க: சம்பந்தியம்மாவுக்கு ஒண்ணு, வேலைக்கு வர்ற அம்மாவுக்கு ஒண்ணு, பேரனுக்கு ஒண்ணு. நாலாவதை வாட்ச்மேன் கையில நானே குடுத்துர்றேன். அந்தப் பன்னுல மிச்சப் பாதி எனக்கு வரவேண்டியது.