கடார நாட்டில் மடக்கு ஸ்கூட்டர் தெரிவு: மூன்று சூத்திரங்களும் உரையும்

காலால் தரையை உந்தி ஓட்டும் மடக்கு ஸ்கூட்டர் இன்று சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் தாமான் குடியிருப்பு வீட்டு வாசல்களில் சாய்ந்து கிடக்கிறது. ஆனால் அதைத் தேர்ந்தெடுப்பதற்கு இலக்கணம் இல்லை. யானைக்குச் சாத்திரம், குதிரைக்குச் சாத்திரம், பல்லி விழுந்தால் பலன் சொல்லவும் சாத்திரம் கண்ட நம்மவர், இதை மட்டும் கடைக்காரர் வாய்க்கு விட்டுவிட்டனர். அக்குறை நீக்க எழுந்தது இவ்வாய்வு. எல்லை: தெற்கே கூலிம், லுனாஸ், பாடாங் செராய், நடுவே சுங்கைப் பட்டாணி, பீடோங், செமிலிங், வடக்கே அலோர் ஸ்டார். லங்காவி சேர்க்கப்படவில்லை. படகுக் கட்டணத்துக்கு நிதி இல்லை.

முதற்கண் தொன்மை. எதை ஆய்ந்தாலும் அது நம்மிடமிருந்தே போனது என்று நிறுவுவது தமிழாய்வின் தலையாய கடன். 1025ஆம் ஆண்டு இராஜேந்திர சோழனின் கடற்படை கடாரத்தை, அதாவது இன்றைய கெடாவை, தாக்கியது. அப்படையில் மடக்கு ஸ்கூட்டர் இருந்ததென்று கல்வெட்டு சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அதே கெடாவின் சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது பழங்கால இரும்பு உருக்கும் உலைக்களங்களும் ஊதுகுழாய்களும் கிடைத்தன. இரும்பு இருந்திருக்கிறது, உருக்கத் தெரிந்திருக்கிறது. கைப்பிடிக்கான ரப்பர் உறை வருவதற்கு மட்டும் பிரேசிலிலிருந்து மரம் வரக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இன்னும் வலுவான சான்று 1815இல் உள்ளது. அவ்வாண்டு சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் சாம்பல் வானை மறைக்க, 1816இல் ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. ஓட்ஸ் விளையவில்லை, குதிரைக்குத் தீனி இல்லை. மறு ஆண்டே, 1817 ஜூனில், மன்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர் குதிரை தேவைப்படாத, காலால் தரையை உந்தி ஓட்டும் இரு சக்கர வண்டியை வெள்ளோட்டம் விட்டார். எரிமலைக்கும் வண்டிக்கும் தொடர்புண்டு என்று சில வரலாற்றாய்வாளர் கருதுகின்றனர். ஆகவே ஸ்கூட்டரின் தாய்வீடு நம் தீவுக்கூட்டமே. மறுப்பவர் எரிமலையைக் கேட்டுக்கொள்க.

தற்கால வடிவம் பிறந்தது சுவிட்சர்லாந்தில், சாசேஜால். 1990களில் ஜூரிக் நகரத்து விம் அவுபோட்டருக்குச் சாசேஜ் சாப்பிட ஆசை. கடை நடப்பதற்குத் தூரம். காரை எடுப்பதற்குக் கிட்டம். இடைப்பட்ட அத்தூரத்துக்காகச் சிறு சக்கரங்கள் வைத்த மடக்கு ஸ்கூட்டரைச் செய்தார். 2000இல் தைவானின் ஜேடி நிறுவனம் ரேசர் என்னும் பெயரோடு அமெரிக்காவில் இறக்க, உலகத்துப் பிள்ளைகள் அனைவரும் ஒரே சமயத்தில் அடம்பிடித்தனர்.

இங்கே நம் ஆய்வின் முதற்சிக்கல் எழுகிறது. ஜூரிக்கில் வீட்டுக்கும் சாசேஜுக்கும் இடையே இருந்த வெற்றிடம் கெடாவில் இல்லை. வீட்டுக்கும் ரொட்டி சானாய்க் கடைக்கும் இடையிலுள்ள தூரம் எதுவாயினும் அதைக் கப்சாய் எனும் சிறு மோட்டார் சைக்கிள் நிரப்பிவிடுகிறது. எதிர்வரிசைக் கடைக்குத் தேங்காய்ப்பால் வாங்கப் போவதற்கும் மோட்டாரை உதைக்கும் மக்கள் நாம். எனவே கெடாவில் பெரியவர் ஒருவருக்கு ஸ்கூட்டர் போக்குவரத்துக்குப் பயன்படாது. சட்டமும் அப்பக்கமே: மின்சார ஸ்கூட்டர் முதலான சிறு வண்டிகளைப் பொதுச் சாலையில் ஓட்ட மலேசியாவில் 2021 டிசம்பர் 17 முதல் தடை. காலால் உந்துவதையும் சாலைக்குக் கொண்டுபோகாதிருப்பதே அறிவு. லாரிக்காரர் சக்கர இலக்கணம் படித்தவரல்லர். பயன் இல்லையென்று தெரிந்தும் பெரியவர்கள் ஏன் ஏறுகிறார்கள்? அதற்கு மூன்றாம் சூத்திரத்தில் விடை வரும்.

சக்கரம் தெரிதல் தரைவழிப் படுமே. (1)

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், சக்கரத்தின் அளவைப் பிள்ளையின் வயதைப் பார்த்து முடிவு செய்யாமல் வாசலில் கிடக்கும் தரையைப் பார்த்து முடிவு செய்க என்றவாறு.

உரையாசிரியர் இருவகையினர். தாமானார், 98 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு சக்கரமே போதும் என்பர். ரேசரின் முதல் வண்டிக்கு அதுவே அளவு. தோட்டத்தார், 200 மில்லிமீட்டருக்குக் குறைந்த எதுவும் வண்டி அன்று, அலங்காரம் என்பர். இருவர் கூற்றும் மெய். வேறுபாடு தரையில் உள்ளது.

கணக்காலும் காட்டுவோம். செம்மண் சாலையில் ஒரு சென்டிமீட்டர் உயரமுள்ள கூழாங்கல் கிடக்கிறது. 98 மில்லிமீட்டர்ச் சக்கரம் அதைத் தொடும் இடத்தில் 37 பாகைச் சரிவை ஏற வேண்டும். 200 மில்லிமீட்டருக்கு அது 26 பாகை. டயரோடு சேர்ந்த கப்சாய்ச் சக்கரத்துக்கு ஏறத்தாழ 15 பாகைதான்; அதனால்தான் அது கல்லைக் கவனிப்பதே இல்லை. 37 பாகையில் சக்கரம் நிற்கும், பிள்ளை நிற்காது. வண்டி இருந்த இடத்தில் இருக்க, ஓட்டியவர் மட்டும் பயணத்தைத் தொடர்வார்.

ஈண்டு ஒரு வியப்பு. ரப்பரால் வாழ்ந்த மாநிலத்தில் ஓடும் இச்சக்கரத்தில் ரப்பர் இல்லை. அது பாலியூரித்தேன், 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பாயர் குழுவினர் கண்டது. நம் பாட்டிமார் இருட்டில் எழுந்து, பெரட்டுக்கு நின்று, பால் மரம் வெட்டி, மங்கு மங்காய்ச் சேர்த்துக்கொண்டிருந்த காலத்தில் அங்கே ஒருவர் அந்த மரமே தேவைப்படாத பொருளைக் கலக்கிக்கொண்டிருந்தார். காற்றடைத்த ரப்பர் டயரோடு பெரியவர்களுக்கான ஸ்கூட்டர்களும் உண்டு. குலப்பெருமை கருதி அவற்றை ஒருமுறை உருட்டியாவது பார்க்க வேண்டும்.

தோட்டத்தில் இவ்வண்டி பிழைத்திருக்காது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். லயத்து முன்புறம் மண்; கொல்லைப்புறம் மண்; பள்ளிக்குப் போகும் சாலையில் மழை பெய்தால் சேறு, வெயிலடித்தால் புழுதி. அங்கே ஓடியவை வேறு. கழற்றிப்போட்ட சைக்கிள் ரிம்மைக் குச்சியால் தட்டி ஓட்டினார்கள். பாக்கு மட்டையில் ஒருவர் உட்கார இன்னொருவர் இழுத்தார். அது மடக்கவும் வேண்டாம், பேரிங் மாற்றவும் வேண்டாம், உடைந்தால் அடுத்த மட்டை விழும். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, நிலம் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் தாமான்களுக்குப் பெயர்ந்த பிறகே வாசலில் சிமெண்டும் தாரும் வந்தன. கெடாத் தமிழ்ப் பிள்ளைக்கு ஸ்கூட்டர் கிடைத்தது தோட்டத்தை இழந்த பிறகுதான். விலைச்சீட்டில் இது எழுதப்படுவதில்லை.

இன்றும் தோட்டத்து ஓரம் வசிப்போர் 200 மில்லிமீட்டர் கொள்க. தாமானுக்குள் வழவழப்பான தரை உள்ளோர் 125 முதல் 145 வரை கொள்ளலாம். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்டோர்க்கு முன்னே இரண்டும் பின்னே ஒன்றுமாக மூன்று சக்கரம். சாய்ந்தால் திரும்பும் வகை நன்று.

பேரிங் பற்றிக் கடைக்காரர் ஏபெக் 7, ஏபெக் 9 என்று மந்திரம்போல் உச்சரிப்பார். அவ்வெண் பேரிங் எவ்வளவு நுட்பமாகக் கடையப்பட்டது என்பதைச் சொல்கிறதே தவிர, வேகத்தைச் சொல்வதன்று. பெரும்பாலான ஸ்கூட்டர்களில் இருப்பது 608 எனப்படும் பேரிங்: உள்துளை 8, வெளிவிட்டம் 22, தடிப்பு 7 மில்லிமீட்டர். ஸ்கேட்டிங் சக்கரத்திலும் அதுவே. மழையில் நனைந்து துருப்பிடித்தால் 9ஆம் எண்ணும் 1ஆம் எண்ணும் ஒரே குரலில்தான் அழும்.

மடிப்பின் பயனே கப்சாய்க்கு அடங்கல். (2)

பெட்டியின் மேல் ரயிலேறும் கோட்டுசூட்டுக்காரர் படம் இருக்கும். கெடாவில் மடக்குவது ரயிலுக்காக அன்று. அப்பா கப்சாய் ஓட்ட, பின்னே பிள்ளை உட்கார, ஸ்கூட்டர் அப்பாவின் முழங்கால்களுக்கு இடையே நிற்க வேண்டும். ஆகவே கடைக்குப் போகும்போது கப்சாயிலேயே போய், மடக்கிய வண்டியை அந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஹேண்டில் கீழிறங்காத வண்டி அப்பாவின் முகவாயைக் குத்தும். இது அளந்து பாராமல் வாங்கியோர் பலர் முகத்தில் எழுதியிருக்கிறது.

மடிப்பின் பூட்டையும் ஆட்டிப் பார்க்க. புதிதிலேயே கடகடவென்றால் அது மூப்படையும்போது எப்படியிருக்கும் என்று ஊகிக்கச் சாத்திரம் வேண்டியதில்லை. மடக்கும் வேலையைப் பிள்ளையிடம் விடாதீர். அந்தக் கீல் விரலைக் கேட்கும்.

எடைவரம்பு என்ப மாமனைக் கருதி. (3)

மூன்றிலும் தலையாயது இதுவே. பெரும்பாலோர் கற்காமல் விடுவதும் இதுவே.

பிள்ளைக்கு இருபத்தைந்து கிலோ. வண்டி ஐம்பது கிலோ தாங்கும். இரட்டிப்புப் பாதுகாப்பு என்று பெற்றோர் மகிழ்வர். அவர்கள் கணக்கில் தாய்மாமன் இல்லை. தீபாவளியன்று பலகாரம் முடிந்து, ஆட்டிறைச்சி முடிந்து, பிற்பகல் நான்கு மணிவாக்கில் வாசலுக்கு வரும் மாமன் அந்த வண்டியைப் பார்க்கிறார். பார்வை நிலைக்கிறது. இதற்கு மேல் நடப்பது எல்லா ஊரிலும் ஒன்றே.

“டேய், கொடுடா. மாமா ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்றேன்.”

“வேணாம் மாமா, ஒடைஞ்சிரும்.”

“ஒடையாதுலா. நான் உன் வயசுல என்னென்ன ஓட்டியிருக்கேன் தெரியுமா?”

உள்ளேயிருந்து அக்காவின் குரல்: “தம்பி, எறங்கிரு. சொல்லிட்டேன்.”

ஸ்கூட்டரில் பெரியவர் ஏறுவதன் காரணம் இதில் வெளிப்படுகிறது. அவருக்கு எங்கும் போக வேண்டியதில்லை. லயத்து மண்ணில் கிடைக்காத ஒரு வழுக்கு ஓட்டத்தை நாற்பத்தைந்து வயதில், வயிறு நிறைந்த நிலையில், மருமகன் முன்னிலையில் பெற்றுக்கொள்கிறார். உடற்பயிற்சி என்று அவர் சொல்வது பிற்சேர்க்கை, மூலபாடத்தில் இல்லை.

மாமன் இல்லாத வீட்டில் என் செய்வது என்று தடைவினா எழும். சித்தப்பா உளர்.

ஆகவே வாங்குமுன் பெட்டியின் ஓரத்திலுள்ள சிறிய எழுத்தைப் படிக்க. முதல் ரேசர் வகை 65 கிலோ வரைதான். 200 மில்லிமீட்டர்ச் சக்கர வண்டிகளில் 100 கிலோ தாங்குபவை உண்டு. ஹேண்டில் உயரமும் பார்க்க: ஓட்டுபவரின் இடுப்புக்கும் தொப்புளுக்கும் இடையே வர வேண்டும். தொப்புளின் இருப்பிடம் மாமனுக்கு மாமன் வேறுபடும். நின்று அளந்து பார்ப்பதே முறை. மிதிபலகை தரையை ஒட்டித் தாழ்வாக இருக்க வேண்டும். உயர்ந்திருந்தால் ஒவ்வோர் உந்தலுக்கும் நிற்கும் காலின் முட்டி மடங்கும். இரண்டாம் சுற்றில் மாமன் இறங்கி, வண்டி சரியில்லை என்பார். கால் மாற்றி மாற்றி உந்தச் சொல்லிக் கொடுக்க. ஒரே காலால் உந்துவோர் மறுநாள் நொண்டுவதைப் பார்த்து வீட்டில் வேறு காரணம் கற்பிக்க வாய்ப்புண்டு.

நான்காம் சூத்திரம் பிரேக் பற்றியது. ஏட்டின் அப்பகுதியைக் கரையான் அரித்துவிட்டது. எஞ்சிய எழுத்துகளைக் கொண்டு நாம் ஊகித்தவை சில. பின்சக்கரத்தின் மேலுள்ள தகட்டை மிதித்து நிறுத்தும் பிரேக் நனைந்தால் வழுக்கும். மழை நின்றவுடன் ஓட்டத் தகாது. சமதரைக்கு ஏற்பட்ட அப்பிரேக்கை நம்பி 1,217 மீட்டர் உயர குனோங் ஜெராய்ச் சாலையில் இறங்க நினைப்போர் ஆய்வாளரைக் கலந்தாலோசிக்க வேண்டாம்; நேரே உறவினரைக் கூப்பிடுக. முடா சமவெளியின் வயல் பக்கம் தட்டையாக இருப்பதால் ஆசை காட்டும். கால்வாய்க்கு வேலி உண்டா என்று முதலில் பார்க்க. வடக்கே ஆண்டுத் தொடக்க மாதங்களில் மழை குறைவு. வாங்குவதாயின் அப்போது வாங்குக.

முடிபு: ஒரு வீட்டுக்கு ஒரே ஸ்கூட்டர்தான் வாங்க இயலும் எனில், 200 மில்லிமீட்டர்ச் சக்கரமும், 100 கிலோ வரம்பும், இறக்கி ஏற்றும் ஹேண்டிலும் உள்ளதையே வாங்கவும். எட்டு வயதுப் பிள்ளை அதில் வளர்ந்துகொள்ளும். தலைக்கவசம் இரண்டு வாங்கவும், ஒன்று பெரிய அளவில். மாமனிடம் எடையை வாயால் கேட்காமல் தராசில் ஏற்றிப் பார்க்கவும். அவர் சொல்வது திருமணத்தன்று இருந்த எடை.