நாள்பட்ட கேஸ்

நியூஜெர்சியில் எடிசன் பக்கம் போனால் இந்த ஆளைப் பார்க்கலாம். வயது நாற்பத்தைந்து இருக்கும். சொந்த ஊர் திருச்சி உறையூர், பெண் எடுத்தது ஈரோட்டில், வேலை கம்ப்யூட்டரில். வீட்டுக் கடன் பாதி அடைந்துவிட்டது, பையன் கராத்தேயில் பச்சை பெல்ட் வாங்கிவிட்டான். அடுத்து என்ன செய்வது என்று ஒரு மனிதனைக் குடைகிற வயது. சிலர் மாரத்தான் ஓடுவார்கள், சிலர் கர்நாடக சங்கீதத்தைத் திருத்தக் கிளம்புவார்கள். நம்மாள் சுருட்டு வாங்கி வைக்க ஆரம்பித்தார்.

வாங்கி வைக்கத்தான், பிடிக்க அல்ல. பிடிப்பது மாதத்துக்கு ஒன்று. அதுவும் பனி, மழை, மாமனார் வருகை இவற்றுக்கு உட்பட்டது. வீட்டில் இருப்பதோ இருநூற்றுச் சொச்சம். இப்படியே போனால் பதினேழு வருஷத்துக்குக் காணும். இன்ஷூரன்ஸ் படிவத்தில் ‘புகையிலை உபயோகிப்பவரா?’ என்ற கட்டத்துக்கு முன்னால் பேனாவோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். உபயோகிக்கிறோமா என்று அவருக்கே சந்தேகம்.

எல்லாம் ஆபீஸ் நண்பர் ஒருவரின் பிரமோஷன் பார்ட்டியில் தொடங்கியது. நண்பர் நீட்டியது நிகராகுவா சுருட்டு, பத்ரோன். பட்டையில் 1964 என்று போட்டிருந்தது. அவ்வளவு பழசா என்று நம்மாளுக்குக் கை நடுங்கிவிட்டது. 1964 கம்பெனி ஆரம்பித்த வருஷம், அதைக் கொண்டாட இந்த வரிசையை வெளியிட்டதே 1994-இல்தான் என்று தெரிந்துகொள்வதற்குள் காரியம் கைமீறிப் போயிருந்தது. “இதை நான் மூணு வருஷம் ஏஜ் பண்ணி வச்சிருந்தேன்” என்று நண்பர் சொன்ன வார்த்தை உள்ளே இறங்கிவிட்டது. சுருட்டு இறங்கவில்லை. பாதியில் தலை சுற்றிப் புல்தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போனார். ஈரம் கட்டிய கண்ணாடி அறைக்குள் கூரை வரை சுருட்டு. கடைக்காரர் நல்ல மனிதர். புதிதாக வருகிற எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டார்: “மைல்டா, மீடியமா, ஃபுல்லா?” கனெக்டிகட் மேலிலை சுற்றிய மென்மையான சுருட்டு ஒன்றை எடுத்தும் காட்டினார். நம்மாள் திருப்பிக் கேட்டார்: “இதில் எது பத்து வருஷம் தாங்கும்?” கடைக்காரர் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்துவிட்டு, விலை கூடிய வரிசைப் பக்கம் மெல்ல நடத்திக்கொண்டு போனார்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ஆரம்பத்தில் இருப்பவர் செய்யவேண்டியது சுலபம். பெட்டியாக வாங்காமல், நாலைந்து வகையில் ஐந்தைந்தாக வாங்க வேண்டும். கொஞ்ச நாள் இளைப்பாற விட்டு ஒவ்வொன்றிலும் ஒன்றைப் பிடித்துப் பார்க்க வேண்டும். ஆறு மாதம் கழித்து இன்னொன்று. எது நமக்கு ஒத்துவருகிறது, எது நாளாக ஆக மேலே ஏறுகிறது என்று நாக்குக்குத் தெரிந்த பிறகு பெட்டியைப் பற்றி யோசிக்கலாம். காரம் உள்ள சுருட்டுக்குத்தான் நாள்பட்டால் லாபம். முனை மழுங்கி இதமாகும். மென்மையானது நாளாக நாளாகச் சப்பென்று போகும். இன்று பிடிக்காத சுருட்டு ஐந்து வருஷம் கழித்தும் பிடிக்காத சுருட்டுதான், வயது மட்டும் ஏறியிருக்கும். இதையெல்லாம் கடைக்காரரே சொன்னார். நம்மாள் தலையை ஆட்டிக்கொண்டே இரண்டு பெட்டிக்குக் கார்டைத் தேய்த்தார்.

சுருட்டு வந்துவிட்டது, இனி அதற்கு வீடு வேண்டும். ஹ்யூமிடார் என்கிற அந்தப் பெட்டியின் உள்பக்கம் ஸ்பானிஷ் சீடர் பலகை. அந்த மரம் ஸ்பெயினிலும் விளைவதில்லை, சீடரும் இல்லை. அமெரிக்க வெப்ப மண்டலத்து மரம், நம் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. பெட்டிக்குள் ஈரப்பதம் 65-லிருந்து 70 சதவீதம் இருக்க வேண்டும், சூடு இருபது டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். புதுப் பெட்டியில் உடனே சுருட்டை வைத்துவிடக் கூடாது. பலகை தன் தாகத்துக்குச் சுருட்டின் ஈரத்தைக் குடித்துவிடும். ஆகவே 84 சதவீத ஈரப் பொட்டலங்களை உள்ளே போட்டு இரண்டு வாரம் சும்மா மூடி வைத்தார். வீட்டில் வேறு எந்தக் காரியத்துக்கும் அவர் இரண்டு வாரம் பொறுத்ததாகச் சரித்திரம் இல்லை.

ஈரமானியை நம்பலாமா என்று அடுத்த கவலை. அதற்கு உப்புச் சோதனை இருக்கிறது. பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, மானியோடு சேர்த்து ஜிப் பையில் அடைத்து ஒரு நாள் வைத்தால் முள் 75-இல் நிற்க வேண்டும். நள்ளிரவில் அடுப்படி மேடையில் இந்தக் காரியம் நடந்துகொண்டிருக்கும்போது மனைவி தண்ணீர் குடிக்க எழுந்து வந்தார். “ஏனுங்க, உப்பை வெச்சு யாருக்குச் சுத்திப் போடறீங்க?”

குளிர்காலத்தில் அந்த ஊரில் ஹீட்டர் ஓடி ஓடி வீட்டுக் காற்று வறண்டு உதடு வெடிக்கும். மனைவி உதட்டுக்கு நெய் தடவிக்கொள்கிறார், பையனுக்கு மூக்கில் ரத்தம் வருகிறது. சுருட்டு மட்டும் 65 சதவீதத்தில் சௌக்கியமாக இருக்கிறது. பெட்டிக்குள் ஒரு சென்சார், அது கைபேசிக்குத் தகவல் அனுப்பும். மீட்டிங்கில் வாடிக்கையாளர் குறை சொல்லிக்கொண்டிருக்கும்போது 61 என்று காட்டினால் நம்மாள் முகம் வெளுத்துவிடும். வாடிக்கையாளர் தம்முடைய குறையை எவ்வளவு மனதில் வாங்கிக்கொள்கிறார் பாருங்கள் என்று நெகிழ்ந்துபோவார்.

பிறகு வண்டு வந்தது. ஒரு பத்ரோனின் மேலிலையில் குண்டூசி குத்தியது போல் ஓட்டை, பக்கத்தில் சிட்டிகைத் தூள். நம்மாள் அலறிய அலறலில் மாடியிலிருந்து எல்லோரும் இறங்கி வந்தார்கள். மனைவி அதை விரல் நுனியில் எடுத்து விளக்கில் பார்த்தார். அவருடைய அப்பாவுக்கு ஈரோட்டில் மஞ்சள் மண்டி. “இதுக்கா? எங்க குடோன் வண்டுங்க இது. மல்லித்தூள் டப்பாவுலகூட வருமே!” அவர் சொன்னதில் தப்பே இல்லை. சிகரெட் வண்டு என்று பெயர் வாங்கிய அந்த ஜீவன் புகையிலை, மஞ்சள், மல்லி, மிளகாய்த்தூள் என்று பேதம் பார்ப்பதில்லை. சூடு ஏறினால் இலைக்குள் கிடக்கும் முட்டை பொரிந்துவிடும். வைத்தியம் ஃப்ரீஸர்தான். இரட்டைப் பையில் போட்டு மூன்று நாள் உறைய வைத்து, ஒரு நாள் கீழ்த்தட்டில் இறக்கி, அப்புறம்தான் வெளியே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலிலை விரிந்துவிடும். அந்த மூன்று நாளும் தேங்காய்த் துருவலும் மலபார் பரோட்டாவும் பக்கத்து வீட்டு ஃப்ரீஸரில் அகதியாக இருந்தன.

இந்த விபத்துக்குப் பிறகு பெட்டி போய் ஒயின் ஃப்ரிட்ஜ் வந்தது. வீட்டில் யாரும் ஒயின் குடிப்பதில்லை. ஆறு மாதம் தங்கிப் போக வந்த அம்மா அதைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “நான் மாவடு போட்டா ஆறு மாசத்துல ஜாடி காலியாயிடும். உன் ஜாடி மட்டும் ஏம்ப்பா ரொம்பிக்கிட்டே போகுது?”

விருந்தாளி சிக்கினால் கென்னடி கதை வராமல் இருக்காது. 1962 பிப்ரவரியில் கியூபாவோடு வர்த்தகத்துக்குத் தடை போடுவதற்கு முன்னால், தம் செய்தித் தொடர்பாளர் பியர் சாலிஞ்சரை அனுப்பி ஊர் முழுக்கத் தேடவைத்து 1,200 உப்மான் சுருட்டை, அதாவது உப்மான் கம்பெனியின் ‘பெத்தி’ என்ற சின்ன ரகத்தை, வாங்கிய பிறகுதான் கென்னடி கையெழுத்துப் போட்டார். இதைச் சொல்லும்போது நம்மாள் கண் பனிக்கும். தம்மைப் போலவே ஒரு சேகரிப்பாளர் வெள்ளை மாளிகையில் இருந்தார் என்று நினைக்கிறார். கென்னடி பிடிப்பதற்காக வாங்கினார் என்ற வித்தியாசத்தை நாம் சுட்டிக்காட்டக் கூடாது.

கியூபா அவருக்கு எட்டாக் கனி. 2016-இல் ஒபாமா கொஞ்சம் தளர்த்தினார், 2020-இல் டிரம்ப் மறுபடி இறுக்கினார். நம்மாளுக்கு ஞானம் பிறந்தது அதற்குப் பிறகு. ஊருக்கு வரும்போது தோஹாவிலோ துபாயிலோ இறங்கினால், டூட்டி ஃப்ரீ சுருட்டு அறையில் பார்த்தகாஸ் பெட்டியை எடுத்துக் கவிழ்ப்பார். அடியில் மாதமும் வருஷமும் முத்திரை இருக்கும். ‘அகோ 22’ என்றால் 2022 ஆகஸ்ட். படித்து, பெருமூச்சு விட்டு, வைத்துவிடுவார். கான்கூன் போய்வந்த நண்பர் கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் கொஹீபா கொண்டுவந்து பெருமையாக நீட்டியபோது, “கண்ணாடி மூடியில கொஹீபா வர்றதே கிடையாது” என்று இரண்டே விநாடியில் தீர்ப்பளித்தார். நட்பு முறிந்தது. நம்மாளுடைய மதிப்பு ஏறியது.

உறையூர்க்காரராயிற்றே, ஊர்ச் சுருட்டு இல்லையா என்று கேட்டால் மட்டும் முகம் சுருங்கும். திருச்சிச் சுருட்டு பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் முழுக்கப் போன சரக்கு. 1887-இல் வந்த முதல் கதையிலேயே ஷெர்லாக் ஹோம்ஸ் தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்துத் திருச்சி என்று சொல்லிவிடுகிறார். நம்மாளின் தாத்தா அதைத்தான் பிடித்தார். வைத்திருந்த இடம் வேட்டி மடிப்பு. கருப்பசாமிக்குப் படைப்பதும் அதுதான்; சாமிகூட ஏஜ் பண்ணித் தா என்று கேட்டதில்லை. “அது வேற, இது வேற” என்பார் நம்மாள், செல்லோஃபேன் உறை எவ்வளவு மஞ்சளித்திருக்கிறது என்று விளக்கில் பிடித்துப் பார்த்தபடி.

போன கோடையில் பின்கட்டில் பார்பெக்யூ. வந்தவர்களுக்கு நீட்டுவதற்கென்று நம்மாள் தனியாக மலிவுக் கட்டு ஒன்று வைத்திருக்கிறார், இருபது இருபத்தைந்து ஒன்றாகக் கட்டி வருவது. புல் வெட்டும்போது பிடிக்கிற சுருட்டு என்று அந்த ஊரில் கேலியாகச் சொல்வார்கள். முந்தின நாள்தான் கூரியரில் வந்தது. புதிதாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிற இளைஞர் ஒருவர் அதில் ஒன்றைப் பற்றவைத்தார், கண்ணை மூடினார், நிதானமாகப் புகையை விட்டார்.

“சார், பிரமாதம். எத்தனை வருஷம் ஏஜ் பண்ணீங்க?”

மனைவி தட்டோடு நின்று திரும்பிப் பார்த்தார். நம்மாள் ஒரு கணம் வானத்தைப் பார்த்தார்.

“மூணு வருஷம் இருக்கும்.”

“தெரியுது சார், தெரியுது. இந்த ஃப்ரிட்ஜ் எங்கே வாங்கினீங்க?”