மூன்று விழுக்காட்டு அண்ணன்

ஜொகூர் பாருவில் தம்போயின் எந்தத் தாமானுக்குள் நுழைந்தாலும் இந்த அண்ணன் கிடைப்பார். இரட்டை மாடி டெரஸ் வீடு, கடன் கட்டி முடித்த கிராண்ட், வேலையிலிருந்து ஓய்வு. மகன் தினமும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் காஸ்வேயைக் கடந்து சிங்கப்பூருக்குப் போகிறான். "பெரிய வீடு எதுக்கு மாமா, வித்துட்டுச் சின்னதா பாப்போம்" என்று மருமகள் சொன்ன அன்று அண்ணனுக்குப் புது ரத்தம் ஊறிவிட்டது. பாசார் மாலாமில் கீரைக் கட்டுக்கு ஐம்பது காசு குறைத்துக் குறைத்துச் சேர்த்த திறமையெல்லாம் இனி வீட்டு ஏஜென்ட் மேல்தான்.

மாமாக் கடையில் தே தாரிக்கோடு பேச்சு தொடங்குகிறது. எதிரே உட்கார்ந்திருப்பது மகள் வயதுப் பெண். கழுத்தில் சிவப்பு அட்டை, அதில் படமும் பதிவெண்ணும்.

"அங்கிள், கமிஷன் மூணு பெர்சென்ட். சர்வீஸ் டேக்ஸ் தனி."

"மூணா? வீடு கட்டுன டெவலப்பரே அவ்வளவு பாத்திருக்க மாட்டாம்மா. ஒண்ணு போட்டுக்கோ. நீ நம்ம புள்ளதானே."

"நம்ம புள்ளைக்குக் கூடப் போட்டுக் குடுக்கலாம்ல அங்கிள்?"

அண்ணன் கேட்பதில் தவறில்லை. வீட்டு ஏஜென்டுகளுக்கான 1986ஆம் ஆண்டு விதிகளின்படி மூன்று விழுக்காடு என்பது உச்சவரம்புதான், கீழே இறங்கலாம். ஆறு லட்சம் ரிங்கிட் வீட்டுக்கு மூன்று விழுக்காடு 18,000. ஏஜென்சி சேவை வரிக்குப் பதிந்திருந்தால் எட்டு விழுக்காட்டு வரி 1,440, ஆக 19,440. இரண்டு விழுக்காட்டுக்கு இறக்கினால் 12,960. மிச்சம் 6,480 ரிங்கிட். இந்தக் கணக்கை அண்ணன் சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் மூன்று முறை போட்டுப் பார்த்துச் சட்டைப் பையில் பத்திரப்படுத்துகிறார்.

அடுத்த நிமிஷம் அவருக்குள் ஒரு வள்ளல் விழித்துக்கொள்கிறான்.

"சரி, ஒரு பேச்சு. எனக்குக் கையில ஆறு லட்சம் வந்துடணும். அதுக்கு மேல நீ எவ்வளவுக்கு வித்தாலும் உனக்குத்தான். எனக்குக் கணக்கே வேணாம்."

வீடு ஆறரை லட்சத்துக்குப் போனால் ஏஜென்டுக்கு ஐம்பதாயிரம். சட்டம் அனுமதிப்பதோ அதிகபட்சம் 19,500. ஒரு விழுக்காட்டுக்காக அரைமணி நேரம் மல்லுக்கு நின்றவர், இப்போது ஏறத்தாழ எட்டு விழுக்காட்டைத் தட்டில் வைத்து நீட்டுகிறார். அந்தப் பெண் கையெடுத்துக் கும்பிட்டு மறுக்கிறாள். ‘பொழைக்கத் தெரியாத புள்ள’ என்று அண்ணன் முடிவு கட்டிவிடுகிறார்.

ஆகவே மற்ற ஏஜென்டுகளையும் கூப்பிடுகிறார். மூன்று மாதம் ஒரே ஏஜென்சிக்கு என்று கையெழுத்துப் போடச் சொன்னால் சொத்தையே எழுதி வாங்குவதுபோல் பதறுவார். எல்லாருக்கும் கொடுத்தால் போட்டி வரும் என்பது அவர் பொருளாதாரம். ஒருவர் 6,80,000 என்று விளம்பரம் போடுகிறார், இன்னொருவர் 6,20,000, மூன்றாமவர் ‘அவசர விற்பனை’ என்றே போட்டுவிடுகிறார். எல்லா விளம்பரத்திலும் கொடியில் காயும் அதே நீலக் கைலி. வாங்க வருபவன் ஃபோனில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ஆகக் குறைந்த விலையிலிருந்து பேச ஆரம்பிக்கிறான். கைலியை எடுத்துவிட்டுப் படம்பிடிக்க யாருக்கும் பொறுமையில்லை. கமிஷன் கிடைக்குமா என்றே தெரியாத வீட்டுக்கு யார் மெனக்கெடுவார்?

விளம்பர வாசகத்திலும் அண்ணனுக்குக் கோபம். ஒருவர் ‘தம்போய்’ என்ற பெயரையே விட்டுவிட்டு ‘ஜேபி சிட்டிக்குப் பக்கம்’ என்று எழுதியிருக்கிறார். தம்போயில் 1937இல் திறந்த பெர்மாய் மனநல மருத்துவமனையை வைத்து வெளியூர்க்காரர்கள் அடிக்கும் கிண்டலைக் கேட்டே நரைத்த தலை அது. "ஏன், நாங்கல்லாம் இங்க குடியிருக்கலையா?" என்று சண்டைக்குப் போகிறார். அதே விளம்பரத்தில் ‘ஆர்டிஎஸ் ரயிலுக்குப் பத்து நிமிடம்’ என்று இருந்ததே, அதை மட்டும் அவர் கண்டுகொள்ளவில்லை. புக்கிட் சாகாரையும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் அந்தப் பாதை நான்கு கிலோமீட்டர்தான். ஆனால் தம்போயிலிருந்து புக்கிட் சாகாருக்குப் பத்து நிமிடத்தில் போக வேண்டுமானால் ஸ்கூடாய் நெடுஞ்சாலை ஹரி ராயா காலையில் கிடப்பதுபோல் காலியாகக் கிடக்க வேண்டும்.

இந்த நேரம் பார்த்துத்தான் ‘தெரிஞ்ச பையன்’ வருவான். ஒரு விழுக்காடு போதும் என்பான். கழுத்தில் அட்டை இருக்காது, பேச்சில் மட்டும் ‘அண்ணே அண்ணே’ என்று தேன் ஒழுகும். வாங்குபவர் தரும் இரண்டு விழுக்காட்டு முன்பணம் 12,000 ரிங்கிட்டை ‘சும்மா என் அக்கவுண்ட்ல போடச் சொல்லுங்கண்ணே’ என்பான். பதிவுபெற்ற ஏஜென்சியில் அந்தப் பணம் நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்குக்குத்தான் போக வேண்டும். அட்டை போட்ட பெண்ணே தன் சொந்தக் கணக்கில் வாங்க முடியாது. நல்ல வேளையாக மருமகளுக்கு ஏஜென்டுகளைப் பதியும் வாரியத்தின் இணையதளத்தில் பதிவெண் தேடத் தெரியும். பையனுக்கு எண்ணே இல்லை.

கடைசியில் அண்ணன் முதல் பெண்ணிடமே திரும்பி வருகிறார், தோற்றவர் மாதிரி அல்ல, மன்னிக்க வந்தவர் மாதிரி. இரண்டரை விழுக்காடு, மூன்று மாதம் அவளுக்கு மட்டும் என்று முடிகிறது. இந்த முறை படிவத்தைப் படித்தவர் மருமகள்தான். கமிஷன் எந்தக் கட்டத்தில் கொடுக்க வேண்டும், வாங்குபவர் பின்வாங்கி முன்பணம் பறிபோனால் அதில் ஏஜென்சிக்குப் பங்கு உண்டா, மூன்று மாதம் முடிந்தபின் அவள் காட்டிய ஆளே வந்து வாங்கினால் என்ன கணக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அண்ணனுக்கு இதெல்லாம் சில்லறை விஷயம். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: வீட்டு வாசலில் போர்டு மாட்டக் கூடாது. அக்கம்பக்கம் தெரிந்தால் கண்ணு படும்.

தாமான் முழுக்க அதற்குள் தெரியும். போன வாரக் கல்யாணப் பந்தியில் அவர்தான் சொல்லியிருந்தார்.

ஐந்து வருஷத்துக்கு மேல் வைத்திருந்த வீடு, அண்ணன் குடிமகன், ஆகவே சொத்து ஆதாய வரி கிடையாது என்று லாயர் அலுவலகத்தில் சொன்னார்கள். குறைக்க எதுவுமே இல்லாத அந்தப் பூஜ்யத்தைக் கேட்டு அவர் முகம் சற்று வாடியது. பிறகு லாயரின் கட்டணப் பட்டியல் வந்தது. முதல் ஐந்து லட்சத்துக்கு ஒன்றேகால் விழுக்காடு, மீதிக்கு ஒரு விழுக்காடு, ஆக 7,250 ரிங்கிட். 2023ஆம் ஆண்டு உத்தரவுப்படி இருபத்தைந்து விழுக்காடு வரை தள்ளுபடி தரலாம் என்று குமாஸ்தா வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

அண்ணன் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். "லாயரம்மா எந்த ஊரு? நம்மாளுதானே?"